ஆறு மணிக்கு மேல் சாவி யாரிடம்?

நேயர்களுக்கு வணக்கம்.

நடுத்தர நகரங்களில் நாடகக் குழுக்கள் கலைந்துபோவதை நிறையப் பார்த்திருக்கிறேன். போட்ட நாடகம் தோற்றுக் கலைந்த குழு குறைவு. உள்ளுக்குள் சண்டை வந்து கலைந்ததும் குறைவுதான். பெரும்பாலானவை ஒத்திகைக்கு இடம் கிடைக்காமல் கலைந்தவை. முதலில் யாராவது ஒருவர் வீட்டு மாடி. கொஞ்ச நாளில் அக்கம்பக்கத்தில் சத்தம் என்று புகார் வரும். அப்புறம் ஒரு பள்ளிக்கூட அறை. ஆறு மணிக்கு வாயிற்கதவைப் பூட்டிவிடுவார்கள். நடிக்கிறவர்கள் வேலை முடித்து வந்து சேரவே ஆறரை ஆகும். அதற்கப்புறம் பூங்கா. மழைக்காலத்தில் அதுவும் போச்சு. இப்படி இடம் மாறி மாறி, வருகிறவர்கள் ஒவ்வொருவராகக் குறைந்து, யாரும் அறிவிக்காமலே குழு நின்றுபோகும். இசைக் குழுக்களின் கதையும் இதேதான். ஓவியர்கள் பாடு இன்னும் கஷ்டம். பாதி வரைந்த படத்தைச் சாய்த்து வைத்துவிட்டு மறுநாள் வந்து தொடர ஒரு சுவர் வேண்டும். அந்தச் சுவர் கிடைக்காமலே வரைவதை விட்டவர்கள் உண்டு.

ஒரு நகரத்தின் கலை வாழ்க்கை என்று பேச்சு வந்தால் பெரிய அரங்கம், கலைக்கூடம், ஆண்டு விழா என்று பேசத் தொடங்கிவிடுகிறோம். அவையெல்லாம் வேண்டியவைதான். ஆனால் அவை பார்க்க வருகிறவர்களுக்கான இடங்கள். செய்கிறவர்களுக்கு வேண்டிய இடம் வேறு. அது வேலைக்குப் போகிறவர்கள் வரக்கூடிய நேரத்தில் திறந்திருக்க வேண்டும். அங்கே உரக்கப் பேசலாம், தரையில் வண்ணம் சிந்தலாம், சரியாக வராத காட்சியை வரும்வரை செய்து பார்க்கலாம். வாடகை ஒரு மாணவர் தாங்கக்கூடியதாக இருக்க வேண்டும். இப்படி ஓர் அறை, அதன் சாவி அதைப் பயன்படுத்துகிறவர்களிடம். இது இருந்தால் மற்றதெல்லாம் பின்னால் வரும் என்பது என் உறுதியான எண்ணம். அதைச் சொல்லத்தான் இன்றைக்கு வந்திருக்கிறேன்.

நடுத்தர நகரம் என்றால் எது? வளர்ந்த நாடுகளின் பொருளாதார அமைப்பான ஓஇசிடி, 2 லட்சம் முதல் 5 லட்சம் வரை மக்கள் வாழும் நகர்ப்பகுதிகளை இந்த வகையில் சேர்க்கிறது. இந்த அளவுக்கென்று ஒரு தனிச் சிக்கல் இருக்கிறது. பெருநகரத்தில் ஒத்திகை அறையை மணிக்கணக்கில் வாடகைக்கு விடுவதே ஒரு தொழில். குழுக்கள் நூற்றுக்கணக்கில் இருப்பதால் நடத்துகிறவருக்குக் கட்டுப்படியாகிறது. மிகச் சிறிய ஊரில் எல்லாருக்கும் எல்லாரையும் தெரியும். போய்க் கேட்டால் யாராவது ஒரு கூடத்தைத் திறந்துவிடுவார்கள். நடுத்தர நகரத்தில் தனியார் நடத்தினால் கட்டுப்படியாகாது. உரிமையோடு போய்க் கேட்கவும் ஆள் தெரியாது. அதனால் இங்கே அறை என்பது பொதுச் செலவில், பொது முயற்சியில்தான் வந்தாக வேண்டும்.

அப்படி வந்த ஓர் இடத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். ஜப்பானில் கனசாவா என்று ஒரு நகரம், மக்கள்தொகை சுமார் நாலரை லட்சம். அங்கே ஒரு பெரிய நூற்பாலை மூடப்பட்டது. அதன் செங்கல் கிடங்குகள் 1920களில் கட்டியவை, வரிசையாக நின்றன. மூடிய ஆலை என்றால் இடித்து மனை போடுவதுதான் எங்கும் வழக்கம். கனசாவா நகர நிர்வாகம் அந்த இடத்தை வாங்கி, கிடங்குகளை நிறுத்திவைத்தது. உள்ளே இருந்த மரத் தூண்களும் உத்திரங்களும் தெரியும்படியே விட்டுவிட்டு, நாடகத்துக்கு ஒன்று, இசைக்கு ஒன்று, ஓவியம் முதலான கலைகளுக்கு ஒன்று என்று பட்டறைகளாகப் பிரித்து 1996இல் திறந்தது. மக்கள் கலைக் கிராமம் என்பது அதன் பெயர்.

கட்டடத்தைக் காப்பாற்றியது நல்ல காரியம். ஆனால் என்னை அசர வைத்தது அதை நடத்தும் முறை. அந்த இடம் 24 மணி நேரமும் திறந்திருக்கும், ஆண்டின் 365 நாளும். ஒரு பொது நிறுவனம் இப்படி அறிவிப்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று யோசித்துப் பாருங்கள். உலகெங்கும் அரசுக் கட்டடங்கள் அலுவலக நேரத்தில் திறந்து அலுவலக நேரத்தில் மூடுகின்றன. அதாவது, வேலைக்குப் போகிற எவரும் வர முடியாத நேரத்தில் மட்டும் திறந்திருக்கின்றன. கனசாவாவில் இரவுப் பணி முடித்து வரும் ஒரு செவிலியர் அதிகாலையில் போய் வயலின் பழகலாம். கடையடைத்துவிட்டு வருகிறவர் பதினொரு மணிக்கு வசனம் மனப்பாடம் செய்யலாம்.

இன்னொன்று. அந்தப் பட்டறைகளுக்கு இயக்குநர்களாக இருப்பவர்கள் அதிகாரிகள் அல்ல, நகரத்தின் சாதாரண மக்கள். எந்தப் பயிற்சி வகுப்பு வைப்பது, எந்த நிகழ்ச்சி நடத்துவது, இடத்தை எப்படிப் பங்கிடுவது என்பதெல்லாம் அவர்கள் பொறுப்பு. பணமும் கட்டடமும் நகர நிர்வாகம் தருகிறது, நடத்துவது மக்கள். இந்தப் பிரிவினையை எல்லா நகர மன்ற உறுப்பினர்களும் படிக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறேன். அதே வளாகத்தில் கைவினைஞர்களுக்கு ஒரு பள்ளி இருக்கிறது. தச்சு, சுவர்ப் பூச்சு, கூரை ஓடு வேய்தல், தோட்டம் அமைத்தல் போன்ற வேலைகளில் ஏற்கெனவே அனுபவமுள்ளவர்கள் அங்கே போய்ப் பழைய நுட்பங்களை மேலும் கற்கிறார்கள். நாடகம் போடுகிறவரும் ஓடு வேய்கிறவரும் ஒரே வாயில் வழியாக உள்ளே போகிறார்கள்.

கலைக் கிராமம் திறந்து எட்டு ஆண்டுகள் கழித்துத்தான், 2004இல், கனசாவா தன் நவீனக் கலைக்கூடத்தைத் திறந்தது. வட்டமான கண்ணாடிக் கட்டடம், பல பக்கமும் வாசல்கள். கட்டடக் கலை படிக்கிறவர்களுக்கு அது நன்றாகத் தெரிந்திருக்கும். அந்தத் தொடக்க காலத்தில் அவர்கள் செய்த ஒரு வேலை எனக்கு ரொம்பப் பிடிக்கும். நகரத்தின் தொடக்கப் பள்ளி, நடுநிலைப் பள்ளிப் பிள்ளைகள் எல்லாரையும் வகுப்போடு அழைத்துக் காட்டினார்கள். திரும்பும்போது ஒவ்வொரு பிள்ளை கையிலும் ஒரு சீட்டு: இன்னொரு முறை வரலாம் என்று. பிள்ளை அதை வீட்டுக்குக் கொண்டுபோகிறது. தனியாக வர முடியாதே, அப்பாவையோ அம்மாவையோ இழுத்துக்கொண்டு வருகிறது. கலைக்கூடத்தில் கால் வைத்தே இராத பெரியவர்களைப் பிள்ளைகள் கூட்டி வந்தார்கள். செலவு ஒரு சீட்டு அச்சடிக்கிற செலவு.

பெரிய கட்டடம் ஒன்றே நகரத்தை மாற்றிவிடும் என்று நம்புகிறவர்கள் ஸ்பெயினின் பில்பாவோவைக் காட்டுவார்கள். 1997இல் அங்கே குகன்ஹெய்ம் அருங்காட்சியகம் திறந்தது, உலகமே திரும்பிப் பார்த்தது, உண்மைதான். ஆனால் அதற்கு முன்பே அந்த நகரம் தன் ஆற்றைச் சுத்தம் செய்யத் தொடங்கியிருந்தது. மெட்ரோ ரயில் 1995இலேயே ஓட ஆரம்பித்துவிட்டது. மினுங்குகிற கட்டடத்தை மட்டும் பார்த்துவிட்டுப் போனவர்களுக்கு இந்தப் பின்னணி கண்ணில் படவில்லை.

ஸ்காட்லாந்தின் எடின்பரோ நகரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 1947இல் அங்கே முதல் சர்வதேச விழா நடந்தபோது, அழைப்பில்லாத எட்டு நாடகக் குழுக்கள் தாங்களாகவே வந்து, கிடைத்த இடங்களில் நாடகம் போட்டன. பின்னாளில் உலகின் மிகப் பெரிய கலை விழாக்களில் ஒன்றாக வளர்ந்த ஃபிரிஞ்ச் விழாவுக்கு அதுதான் ஆரம்பம். 1958இல் அதற்கென்று ஒரு சங்கம் அமைத்தபோதுகூட, யார் நடிக்கலாம் யார் கூடாது என்று தேர்ந்தெடுப்பதில்லை என்று முடிவு செய்தார்கள். அந்த விழா வளர்ந்ததில் தேவாலயக் கூடங்களுக்கும் கல்விக்கூட அறைகளுக்கும் பெரிய பங்கு உண்டு. அறைகள் இருந்தன, கேட்டால் கொடுத்தார்கள்.

சரி, அறைக்குள் நடப்பது அறையோடு நின்றுவிட்டால் அதில் நகரத்துக்கு என்ன? நியாயமான கேள்வி. இதற்கு ஜெர்மனியின் காசல் நகரத்தைத்தான் சொல்ல வேண்டும். மக்கள்தொகை 2 லட்சம்தான். இரண்டாம் உலகப் போரில், 1943 அக்டோபரில் விழுந்த குண்டுகளில் நகரத்தின் நடுப்பகுதி பெரும்பாலும் அழிந்துபோனது. 1955இல் ஆர்னோல்ட் போடே என்ற ஓவியர், சிதைந்து நின்ற அருங்காட்சியகக் கட்டடத்துக்குள்ளேயே ஒரு நவீனக் கலைக் காட்சியை நடத்தினார். அதுதான் டாக்குமென்டா. இன்றும் நடக்கிறது, ஐந்தாண்டுக்கு ஒரு முறை, நூறு நாள். ஆனால் உலகம் வந்து பார்த்துவிட்டுப் போகும் நிகழ்ச்சியில் உள்ளூர்க்காரருக்கு என்ன பங்கு என்ற குறை இருக்கத்தானே செய்யும்?

1982 டாக்குமென்டாவில் யோசெஃப் பாய்ஸ் என்ற சிற்பி ஒரு காரியம் செய்தார். ஏழாயிரம் கருங்கல் தூண்களைக் கொண்டுவந்து அருங்காட்சியகத்துக்கு முன்னால் குவித்தார். நகரத்தில் ஏழாயிரம் ஓக் மரங்கள் நட வேண்டும், ஒவ்வொரு மரத்தின் பக்கத்திலும் ஒரு கல் நிற்க வேண்டும், மரம் நட நடக் குவியல் குறையும். இதுதான் திட்டம். ஒரு மரத்துக்கும் கல்லுக்கும் அன்றைய ஜெர்மன் நாணயத்தில் 500 மார்க் நன்கொடை. எங்கே நடுவது என்று தெருக்காரர்களும் பள்ளிகளும் சங்கங்களும் சொல்லலாம்.

உடனே நகரமே மகிழ்ந்து கைதட்டிவிடவில்லை. வாகனம் நிறுத்துகிற இடம் போகிறது என்று கோபப்பட்டவர்கள் நிறையப் பேர். நகரத்தின் முகப்பில் இப்படி ஒரு கல் குவியலா என்று சலித்துக்கொண்டார்கள். குவியலில் சில கற்களுக்கு யாரோ இளஞ்சிவப்பு வண்ணம் அடித்துவிட்டார்கள். எனக்கு இது கெட்ட செய்தியாகத் தோன்றவில்லை. கலை பற்றி ஒரு நகரம் தெருமுனையில் நின்று வாக்குவாதம் செய்கிறது என்றால், அது அவர்கள் விஷயமாகிவிட்டது என்று பொருள். எங்கள் தெருவில் நடு, எங்கள் தெருவில் நடாதே, ஓக் வேண்டாம் வேறு மரம் கொடு, இப்படியெல்லாம் பேச்சு. உண்மையில் ஓக் மரங்களோடு மேப்பிள், ஆஷ் என்று வேறு மரங்களும் நட்டார்கள். பாய்ஸ் 1986இல் இறந்துவிட்டார். வேலை நிற்கவில்லை. கடைசி மரத்தை 1987இல், அடுத்த டாக்குமென்டா தொடங்கும்போது, அவருடைய மகன் நட்டார். தொடங்கியவர் போன பிறகும் முடித்தது நகரம். இன்று காசல் தெருக்களில் மரமும் பக்கத்தில் கல்லுமாக நிற்பதைப் பார்க்கலாம். மரம் வளர்ந்துவிட்டது, கல் அதே உயரம்.

ஐந்தாண்டு வேலை அது. அந்த ஐந்தாண்டும் நன்கொடை திரட்ட, இடம் பேச, குழி தோண்ட, தண்ணீர் ஊற்ற ஆள் வேண்டியிருந்தது. நடுத்தர நகரத்தில் எந்தப் பொதுக்காரியமும் கடைசியில் இங்கேதான் வந்து நிற்கும். நாடக விழாவா, புத்தகக் கூட்டமா, குளம் தூர்வாருவதா, எங்கே போனாலும் அதே பத்துப் பேர். கடிதம் எழுதுகிறவர், மைக் ஏற்பாடு செய்கிறவர், கணக்கு எழுதுகிறவர், கடைசியில் நாற்காலி அடுக்குகிறவர் எல்லாம் ஒருவரே. அவருக்கு உடம்புக்கு முடியவில்லை என்றாலோ மாற்றலாகிப் போய்விட்டாலோ எல்லாம் ஒரே நாளில் நின்றுவிடும். அந்த மனிதர்களை மேடையில் கூப்பிட்டுப் பாராட்டுவதைவிட அவர்கள் கையிலிருந்து பாதி வேலையை வாங்கிக்கொள்வது அவர்களுக்கு உதவி. பொது அறைச் சாவி ஒவ்வொரு குழுவிலும் ஒருவரிடம், ஆறு மாதத்துக்கு ஒரு முறை ஆள் மாற்றி, என்று வைத்தால் பொறுப்பு தானாகவே பரவும். இருபது வயதுப் பெண் ஒருத்தி கையில் சாவி வந்தால் அவள் அந்த இடத்தை நடத்தக் கற்றுக்கொள்வாள்.

சாவியைக் கொடுத்தால் பொருள் காணாமல் போகாதா என்று கேட்பார்கள். நான் பார்த்தவரை பொது அறைகள் திருட்டால் மூடப்படுவதில்லை. விளக்கை அணைக்காமல் போனது, நாற்காலியைத் திருப்பி அடுக்காதது, பெருக்காமல் விட்டது, இப்படிச் சின்னச் சின்ன எரிச்சல்கள் சேர்ந்துதான் ஒரு நாள் பூட்டு மாறுகிறது. இதற்கு மிக எளிய வழி ஒன்று இருக்கிறது. அறை எப்படி இருக்க வேண்டுமோ அப்படி ஒழுங்குபடுத்தி ஒரு புகைப்படம் எடுத்து, கதவின் உள்பக்கத்தில் கண் மட்டத்தில் ஒட்டிவிடுங்கள். கிளம்பும்போது படத்தில் உள்ள மாதிரி இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பூட்ட வேண்டும். பக்கத்தில் ஒரு பதிவேடு: வந்த நேரம், போன நேரம், எத்தனை பேர், கையெழுத்து. வேறு விதிமுறைகள் போகப் போக எழுதிக்கொள்ளலாம்.

அந்தப் பதிவேட்டுக்கு இன்னொரு பயனும் உண்டு. கேட்டுக்கொண்டிருப்பவர்களில் பள்ளித் தலைமையாசிரியர்கள் இருப்பீர்கள், நூலகக் குழுவினர், நகர மன்றத்தினர் இருப்பீர்கள். ஆறு மணிக்கு மேல் உங்கள் பொறுப்பில் எத்தனை அறைகள் பூட்டிக் கிடக்கின்றன என்று ஒரு தடவை எண்ணிப் பாருங்கள். அறை தேடிக்கொண்டிருக்கும் குழுக்களுக்கும் ஒன்று சொல்கிறேன். கலை மையம் வேண்டும் என்று மனுக் கொடுத்தால் அது கோப்பில் தூங்கும். இந்தக் கட்டடத்தில் இந்த அறை, வாரத்தில் இரண்டு மாலை, ஆறு மாதத்துக்கு மட்டும், மின்கட்டணம் எங்கள் பொறுப்பு என்று குறிப்பாகக் கேளுங்கள். ஆறு மாதம் முடிந்ததும் பதிவேட்டைப் பார்த்து நீங்களே முடிவு செய்யலாம் என்றும் அதே கடிதத்தில் எழுதிவிடுங்கள். ஒரு குழுவாகப் போகாமல் நாடகக்காரர்கள், பாடுகிறவர்கள், தையல் கற்றுக்கொடுக்கிறவர்கள், வாசகர் வட்டம் எல்லாரும் ஒரே கடிதத்தில் கையெழுத்துப் போட்டுப் போங்கள். யாருக்கு எந்த மாலை என்பதை உங்களுக்குள் முதலிலேயே பேசி முடித்துக்கொள்ளுங்கள்.

நன்றி. வணக்கம்.