28 புள்ளி, 12 பேர், ஒரு சிரட்டை: கோல்ஃப் அணிப் போட்டி எப்படி நடக்குது?

காட்சி: அரியமான் கடற்கரை, காலை நேரம். அலை நனைச்சு இறுகிப்போன மணல். சின்னதா ஒரு குழி, அதுக்குள்ள தேங்காய்ச் சிரட்டை. கொடிக்குப் பதிலா ஒரு பனைமட்டை.

குரல்: கோல்ஃப் குழியோட அகலம் 108 மில்லிமீட்டர், அதாவது நாலேகால் அங்குலம். கொஞ்சம் பெரிய சிரட்டையா இருந்தா கச்சிதமா உக்காந்துக்கும். இன்னைக்கு இதுதான் நம்ம மைதானம்.

வாராவாரம் டிவியில வர்ற கோல்ஃப் பெரும்பாலும் ஸ்ட்ரோக் பிளே. நாலு நாள், 72 குழி, மொத்த அடியை எண்ணுவாங்க. குறைச்சலா அடிச்சவருக்குக் கோப்பை. ஆனா ரைடர் கப், சோல்ஹைம் கப், பிரசிடென்ட்ஸ் கப், காசுக்கு ஆடாத அமெச்சூர்கள்ல வாக்கர் கப், கர்டிஸ் கப் எல்லாமே மேட்ச் பிளே. இங்க கணக்கே வேற. ஒரு குழியை யாரு குறைச்ச அடியில முடிக்கிறாங்களோ, அந்தக் குழி அவங்களுக்கு.

வாலிபாலை நினைச்சுக்கங்க. ஒரு செட்டை 25-10ன்னு ஜெயிச்சாலும் 25-23ன்னு ஜெயிச்சாலும் ஒரு செட்தான். இங்கயும் அப்படித்தான். முதல் குழியில நீங்க 4 அடி, எதிராளி 9 அடி. ரெண்டாவதுல நீங்க 5, அவர் 4. ஸ்ட்ரோக் பிளேன்னா நீங்க நாலு அடி முன்னால இருப்பீங்க. மேட்ச் பிளேல ஆளுக்கு ஒரு குழி, சமம். ஒரு குழியில பந்து தண்ணிக்குள்ள போய்ச் சீரழிஞ்சாலும் அந்த ஒரு குழியோட நஷ்டம் முடிஞ்சுது. அதனாலதான் ஆட்டக்காரங்க இதுல துணிஞ்சு அடிக்கிறாங்க.

ஸ்கோர் பலகையில ‘3 அண்ட் 2’ன்னு போட்டிருக்கும். மூணு குழி முன்னிலை, ஆட வேண்டியது ரெண்டே குழி. இனி எட்டிப் பிடிக்க வழியில்ல, 16ஆவது குழியிலயே கை குலுக்கிட்டுக் கிளம்பிடலாம். ஒரு ஆட்டம் ஜெயிச்சா அணிக்கு ஒரு புள்ளி, 18 குழி முடிஞ்சும் சமம்னா ஆளுக்கு அரைப் புள்ளி. இந்த அரையைத்தான் பின்னால கவனிக்கணும்.

காட்சி: மணல்ல நீளமா ஒரு கோடு. ரெண்டு ஜோடி நிக்குது. ஒரு ஜோடிக்கு ஒரே பந்து.

குரல்: இது ஃபோர்சம்ஸ். ஜோடிக்கு ஒரு பந்துதான், மாத்தி மாத்தி அடிக்கணும். ஒருத்தர் 1, 3, 5ன்னு ஒற்றைப்படைக் குழிகள்ல முதல் அடி அடிப்பார், கூட்டாளி இரட்டைப்படையில. முந்தின குழியைக் கடைசியா முடிச்சது யாருங்கிறது கணக்கில்ல. இடையில தண்டம் விழுந்தாலும் முறை மாறாது. நீங்க அடிச்ச பந்து தண்ணிக்குள்ள போனா, அடுத்து அடிக்க வேண்டியது உங்க கூட்டாளி. பதட்டத்துல நீங்களே திரும்ப அடிச்சுட்டா அந்தக் குழி போச்சு.

யாரு ஒற்றை, யாரு இரட்டைங்கிறதை முதல் நாளே உக்காந்து யோசிக்கணும். ஒரு குழியை இத்தனை அடியில முடிக்கணும்னு வச்சிருக்கிற கணக்குதான் பார். மைதானத்தோட பார் 3 குழிகள் பெரும்பாலும் இரட்டையில விழுந்தா, அயர்ன்ங்கிற இரும்புத்தலை மட்டையில கை சுத்தமானவரை அங்க போடுவாங்க. பந்துலயும் ஒரு சிக்கல் உண்டு. ஒருத்தருக்கு மெத்துனு இருக்கிற பந்து பழக்கம், இன்னொருத்தருக்குக் கெட்டியானது. கூட்டாளியோட பந்தை வச்சுப் பழகாம இறங்கினா, கிரீன், அதாவது குழியைச் சுத்தி இருக்கிற ஒட்ட வெட்டின புல்தரைப் பக்கத்துல அடிக்கிற குட்டை அடியெல்லாம் ஒண்ணு கூடிப்போகும், இல்ல குறைஞ்சுபோகும்.

காட்சி: கச்சான் காத்து. பனைமட்டை ஒரு பக்கமாச் சாயுது.

குரல்: ஸ்காட்லாந்து, அயர்லாந்துக் கடலோரத்துல லிங்க்ஸ்னு சொல்ற மைதானங்கள் இருக்கு. மணல்மேடு, அதுமேல புல், மறைப்பே இல்லாத காத்து. புல்லை மட்டும் எடுத்துட்டா நம்ம கரைதான். எதிர்காத்துல பலமா அடிச்சா பந்துக்குச் சுழற்சி கூடி மேல எழும்பி, பாதியிலயே தொப்புனு விழும். வழக்கமா எடுக்கிற கிளப்பை, அதாவது மட்டையை விட ஒண்ணு ரெண்டு படி பெரிசா எடுத்து, நிதானமா, தாழ்வா அடிக்கணும். ஃபோர்சம்ஸ்ல இதுல தப்புப் பண்ணினா அவதிப்படுறது கூட்டாளி. அதனாலயே பல பேருக்கு இந்த ஆட்டம்னா பயம்.

ஃபோர்பால் இவ்வளவு கடுமை இல்ல. நாலு பேருக்கும் தனித்தனிப் பந்து, ஜோடியில யாரோட அடி குறைச்சலோ அதுதான் கணக்கு. ஒருத்தர் 4, கூட்டாளி 7ன்னா அந்த ஜோடிக்கு 4. ஒருத்தர் பத்திரமா ஆடி பாரைப் பிடிச்சு வச்சா, மத்தவர் இஷ்டத்துக்கு அடிச்சுப் பார்க்கலாம்.

காட்சி: சிரட்டையில இருந்து ஒன்றரை அடி தூரத்துல பந்து. ஒரு கை அதை எடுக்கப் போகுது. அப்படியே நிறுத்தம்.

குரல்: இந்தக் கையைப் பாருங்க. மேட்ச் பிளேல எதிராளி, ‘அது போதும், எடுத்துக்கங்க’ன்னு அடுத்த அடியை விட்டுக்கொடுக்கலாம். சொன்னா சொன்னதுதான், திரும்ப வாங்க முடியாது. ‘வேணாம், நானே போட்டுக்கிறேன்’னு மறுக்கவும் முடியாது. ஆனா அவர் வாயைத் திறக்கிறதுக்கு முன்னாடி பந்தை எடுத்தா?

அமெரிக்கா, ஐரோப்பாப் பெண்கள் அணிகள் மோதுற சோல்ஹைம் கப், 2015, ஜெர்மனி. 17ஆவது குழியில அமெரிக்காவோட அலிசன் லீ, சுமார் ஒன்றரை அடி தூரத்துல நின்ன பந்தை, விட்டுக்கொடுத்துட்டாங்கன்னு நினைச்சு எடுத்துட்டார். ஐரோப்பாவோட சூசன் பெட்டர்சன், ‘நாங்க கொடுக்கல’ன்னுட்டார். ஒரு அடி தண்டம், குழியும் போச்சு. விதிப்படி சரிதான், ஆனா ஊரே திட்டுச்சு. கொதிச்சுப்போன அமெரிக்கா 10-6ன்னு பின்தங்கியிருந்து, தனி ஆட்டங்கள்ல 14.5-13.5ன்னு கோப்பையைத் தூக்கிடுச்சு. இதுக்கு நேர் எதிரா 1969 ரைடர் கப். கடைசிக் குழியில பிரிட்டன் அணியோட டோனி ஜாக்லின் போட வேண்டிய குட்டி ‘பட்’, அதாவது குழிக்குள்ள உருட்டுற அடியை, அமெரிக்காவோட ஜாக் நிக்லாஸ் விட்டுக்கொடுத்தார். மொத்தம் 16-16, சமன்.

விதி எப்படி இருந்தாலும் நீங்க செய்ய வேண்டியது ஒண்ணுதான்: காதுல விழுந்தா மட்டும் எடுங்க. சந்தேகம்னா கேளுங்க.

வரிசையும் அதே மாதிரிதான். குழிக்குத் தூரத்துல இருக்கிறவர் முதல்ல அடிக்கணும். 2000 சோல்ஹைம் கப்ல அன்னிகா சோரன்ஸ்டாம் கிரீனுக்கு வெளியில இருந்து அடிச்ச பந்து நேரா குழிக்குள்ள விழுந்துச்சு. முறை தவறி அடிச்சாங்கன்னு எதிரணி சொல்ல, திரும்ப அடிக்க வேண்டியதாச்சு. ரெண்டாவது தடவை விழல.

காட்சி: மணல்ல விரலால எழுதுற எண்கள். 8, 8, 12.

குரல்: இப்ப ரைடர் கப் கணக்கு. விதை வியாபாரி சாமுவேல் ரைடர் கொடுத்த கோப்பை, 1927ல தொடங்கினது. 1979ல இருந்து அமெரிக்காவும் ஐரோப்பாவும் மோதுது. அணிக்கு 12 பேர். வெள்ளி 8 ஆட்டம், சனி 8 ஆட்டம், ரெண்டு நாளும் ஃபோர்சம்ஸ் 4, ஃபோர்பால் 4. ஞாயிறு 12 தனி ஆட்டம். மொத்தம் 28 புள்ளி. கோப்பையைப் பறிக்க 14.5 வேணும். ஏற்கனவே கையில வச்சிருக்கிற அணிக்கு 14 போதும். முன்ன சொன்ன அரைப் புள்ளி இங்கதான் உதவுது.

ஞாயிறு வரிசையை ரெண்டு கேப்டனும் ஒருத்தருக்கொருத்தர் காட்டாமலே எழுதிக் கொடுக்கணும். பின்தங்கின அணி பலமான ஆளுங்களை முன்னால அனுப்பும். பலகையில சீக்கிரம் தன் நிறம் தெரிஞ்சா, பின்னால ஆடுறவங்களுக்குத் தெம்பு வரும்ல. கூடவே ஒரு கவர். எதிரணியில யாருக்காவது காயம்னா, நம்ம பக்கம் யாரை உக்கார வைக்கிறதுன்னு ஒரு பேரை முன்கூட்டியே எழுதி ஒட்டி வைக்கணும். அந்த ஆட்டம் ஆடாமலே ஆளுக்கு அரை.

2025ல நியூயார்க் பெத்பேஜ் பிளாக்ல இந்தக் கவரைப் பிரிக்க வேண்டி வந்துச்சு. ஐரோப்பாவோட விக்டர் ஹோவ்லண்டுக்குக் கழுத்து வலி, அமெரிக்காவோட ஹாரிஸ் இங்கிலிஷ் உக்காந்தார். சனி முடிவுல 11.5-4.5ன்னு ஐரோப்பா வெகு முன்னால. ஞாயிறு அமெரிக்கா 8.5 எடுத்தும் பத்தல, 15-13. கோப்பை கையை விட்டுப் போகாதுன்னு உறுதி பண்ணின அரைப் புள்ளி, 18ஆவது குழியில ஷேன் லோரி போட்ட பட்.

பிரசிடென்ட்ஸ் கப் 1994ல வந்தது. அமெரிக்காவுக்கு எதிரா ஐரோப்பா தவிர்த்த உலகம். இங்க கேப்டன்கள் ஒளிச்சு எழுதுறதில்ல, ஒருத்தர் பேர் சொல்ல, மத்தவர் பதிலுக்குச் சொல்றார். நம்ம அனிர்பன் லாஹிரி 2015லயும் 2017லயும் ஆடினார். 2015ல கொரியாவுல கடைசிக் குழியில சுமார் நாலடி பட் ஒண்ணு விளிம்புல தவறிப்போச்சு. அணி தோத்தது 15.5-14.5. ஒரே ஒரு புள்ளி.

அமெச்சூர்ல வாக்கர் கப் 1922ல இருந்து நடக்குது. அணிக்கு 10 பேர், 26 புள்ளி, ஃபோர்பாலே கிடையாது. பெண்களுக்கு கர்டிஸ் கப், 8 பேர், 20 புள்ளி.

ஐசனோவர் டிராஃபி மட்டும் தனி ரகம். 1958ல செயின்ட் ஆண்ட்ரூஸ்ல தொடங்கின ஆண்கள் உலக அமெச்சூர் அணிப் போட்டி. இதுல மேட்ச் பிளே இல்ல. நாட்டுக்கு மூணு பேர், நாலு நாள். தினமும் நல்ல ஸ்கோர் ரெண்டைத்தான் எடுப்பாங்க. 71, 74, 79ன்னா அன்னைக்கு அணிக்கு 145. அந்த 79 காணாமப் போயிடும். கேட்க நல்லாத்தான் இருக்கு. ஆனா ஒருத்தருக்குக் காய்ச்சல் வந்து படுத்துட்டா, இல்ல ஸ்கோர் அட்டையில ஒரு குழிக்குக் குறைச்சு எழுதிக் கையெழுத்துப் போட்டு அவரோட அன்னைய ஆட்டம் ரத்தானா, மிச்ச ரெண்டு பேரோட ஒவ்வொரு அடியும் கணக்குல ஏறும். அதனால அட்டையைக் கொடுக்கிறதுக்கு முன்னாடி 18 குழியையும் ஒண்ணொண்ணா வாய்விட்டுப் படிச்சுச் சரிபாருங்க. ஆசியப் போட்டிகள்லயும் அடிக்கணக்குதான். 1982 டெல்லியில இந்தியா அணித் தங்கமும் வாங்குச்சு, லட்சுமண் சிங் தனிநபர் தங்கமும் வாங்கினார்.

அடுத்த ரைடர் கப் 2027 செப்டம்பர்ல அயர்லாந்து அடேர் மேனர்ல. அங்க மதியம் 12ன்னா நமக்குச் சாயங்காலம் நாலரை. ஞாயித்துக்கிழமை பலகையில முதல்ல 14ஐத் தேடுங்க. ஐரோப்பா அதைத் தொட்டாலே கோப்பை அங்கதான். அமெரிக்கான்னா இன்னும் அரைப் புள்ளிக்கு உக்காந்திருக்கணும்.