நாலு வருஷம் ரெண்டு மாசத்தில் எழுதிய ராஜினாமா

நடுவர் அவர்களுக்கும், இந்தப் பனியிலும் எழுந்து போகாமல் உட்கார்ந்திருக்கும் கிருஷ்ணகிரி மக்களுக்கும் வணக்கம். "ஓய்வுக்காலத்தைக் காப்பாற்றுவது சேமிப்புக் கணக்கா, மனப்பக்குவமா?" என்பது தலைப்பு. நான் மனப்பக்குவத்தின் பக்கம். பயிற்சி வகுப்பில் இதையே எமோஷனல் இன்டெலிஜென்ஸ் என்கிறார்கள்.

எதிரணி அண்ணன் கேட்டார்: "சம்பளத்தில் 12 சதவீதம் தானாகவே பிஎஃப்புக்குப் போகிறது, கம்பெனியும் 12 போடுகிறது, அதில் 8.33 பென்ஷனுக்கு. 58 வயதில் பென்ஷன் வந்துவிடும். இதில் மனசுக்கு என்ன வேலை?" சரி அண்ணே, கணக்கில் நான் ஒரு பைசா குறை சொல்லமாட்டேன். ஆனால் அந்தப் பணம் 58 வரைக்கும் போய்ச் சேர்வதே இல்லையே! ஓசூரில் ஒரு தொழிற்சாலையின் பணியாளர் பிரிவில் பதினோரு வருஷமாக இருக்கிறேன், ராஜினாமாக் கடிதம் முதலில் என் மேசைக்குத்தான் வரும்.

பாலக்கோடு பக்கத்துப் பையன் ஒருவர், நல்ல வேலைக்காரர். அன்றைக்கு உற்பத்தி குறைந்துவிட்டது என்று சூப்பர்வைசர் லைனில் இருந்த அத்தனை பேர் முன்னாலும் "நீ மாடு மேய்க்கத்தான் லாயக்கு" என்று சொல்லிவிட்டார். சாயங்காலம் ஆறு மணிக்கு ஷிப்ட் முடிந்தது, மறுநாள் காலை ஆறு மணிக்குக் கடிதம் வந்துவிட்டது. சர்வீஸ் நாலு வருஷம் ரெண்டு மாசம். நிரந்தர ஊழியருக்கு ஐந்து வருஷம் முடிந்தால்தான் கிராஜுவிட்டி, அதாவது கிளம்பும்போது கம்பெனி மொத்தமாகக் கொடுக்கும் பணிக்கொடை. அவருடைய 15,000 ரூபாய் அடிப்படைச் சம்பளத்துக்கு இன்னும் பத்து மாசம் இருந்திருந்தால் 43,000 ரூபாய்க்கு மேல் வந்திருக்கும், போய்விட்டது.

அதைவிடப் பெரிய நஷ்டம் அப்புறம்தான். அடுத்த வேலையைக் கையில் வைத்துக்கொண்டு கிளம்புகிறவர் பிஎஃப்பைப் புதுக் கம்பெனிக்கு மாற்றிக்கொள்கிறார், பழைய சர்வீஸும் கூடவே போகிறது. கோபத்தில் கிளம்பியவருக்கு அடுத்த வேலை கையில் இல்லை, வீட்டு வாடகையும் குழந்தையின் ஃபீஸும் நிற்காது, அதனால் படிவம் 19 போட்டு பிஎஃப்பையும் 10சி போட்டு பென்ஷன் பணத்தையும் வழித்து எடுத்துவிடுகிறார். பென்ஷனுக்குப் பத்து வருஷ சர்வீஸ் வேண்டும், எடுத்த நாளிலிருந்து மறுபடியும் பூஜ்யம். இப்படி மூணு கம்பெனியில் நாலு நாலு வருஷம் உழைத்து, பன்னிரண்டு வருஷம் பணம் கட்டியும் பென்ஷன் இல்லாதவர்களை எனக்குத் தெரியும். நம்ம ஊரில் ஒட்டு மாங்கன்றை நாலு வருஷத்துக்கு ஒருமுறை பிடுங்கி வேறு இடத்தில் நடுகிறவர் உண்டா?

எதிரணியில் ஒருவர் "பென்ஷன் என்ன பெரிய பென்ஷன்" என்றார். உண்மைதான், 15,000 ரூபாய் கணக்கில் பத்து வருஷத்துக்கு மாசம் 2,142, முப்பது வருஷத்துக்கு, கூடுதலாகச் சேர்க்கிற ரெண்டு வருஷத்தோடு, 6,857. ஆனால் சர்க்கரை மாத்திரைக்கு மருமகள் முகத்தைப் பார்த்து நிற்கிற பெரியவரிடம் போய் 2,142 சின்னத் தொகை என்று சொல்லிப் பாருங்கள்.

பக்குவம் என்றால் அவமானத்தை விழுங்கிக்கொண்டு சிரிப்பது என்று யாரும் நினைக்கவேண்டாம், அதை நான் எந்தத் தொழிலாளிக்கும் சொல்லமாட்டேன். அந்தச் சூப்பர்வைசர் மேல் எனக்கு இன்றைக்கும் கோபம் உண்டு. தனியாகக் கூப்பிட்டு ரெண்டு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். ஒருத்தருடைய நாக்கு இன்னொருத்தருடைய முதுமையைத் தின்றுவிடுகிறது, முதல் பக்குவம் வரவேண்டியது மேலே இருப்பவருக்கு. வேலை செய்பவரிடம் நான் கேட்பது ரெண்டு நாள்தான். அன்றைக்கே எழுதாதீர்கள், மேலே புகார் கொடுங்கள், போயே ஆகவேண்டும் என்றால் அடுத்த வேலையைப் பிடித்துக்கொண்டு அதே யுஏஎன் நம்பரோடு, அதாவது எந்தக் கம்பெனிக்குப் போனாலும் மாறாத உங்கள் பிஎஃப் நம்பரோடு போங்கள். இப்போதெல்லாம் கடிதம் வந்தால் உடனே மேலே அனுப்பமாட்டேன். உட்காரச் சொல்லி டீ வாங்கிக் கொடுத்து, "அடுத்த வேலை கையில் இருக்கா தம்பி?" என்று கேட்பேன். கடிதத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டு போனவர்கள் இருக்கிறார்கள்.

வீட்டுக்கும் இது பொருந்தும். ஊரைக் கூட்டிச் சீர் செய்யவேண்டும் என்று சொந்தக்காரர்கள் நெருக்கும்போது, உறவு கெடாமல் "இவ்வளவுதான் முடியும் மாமா" என்று சொல்லத் தெரியாமல் பிஎஃப்பில் கை வைத்தவர்கள் இந்தக் கூட்டத்திலேயே இருப்பீர்கள்.

அண்ணே, உங்கள் தாளில் சம்பளத்துக்குக் கட்டம் இருக்கிறது, வட்டிக்குக் கட்டம் இருக்கிறது. அன்றைக்குச் சாயங்காலம் ஆறு மணியிலிருந்து மறுநாள் காலை ஆறு மணி வரைக்கும் அந்தப் பையன் தூங்காமல் கிடந்தாரே, அந்தப் பன்னிரண்டு மணி நேரத்துக்கு எந்தக் கட்டம்? அதையும் சேர்த்துக் கூட்டிவிட்டுத்தான் நடுவர் தீர்ப்புச் சொல்லவேண்டும். நன்றி, வணக்கம்.