ஜூன் மாதத் தாளின் பின்பக்கம்

நடுவர் அவர்களே, என் அணித் தோழர்களே, எதிரணியினரே, மழை விட்ட இடைவெளியில் நாற்காலியைத் துடைத்துவிட்டு வந்து அமர்ந்திருக்கும் குலசேகரத்துப் பெரியோர்களே, தாய்மார்களே, வணக்கம்.

பள்ளிக்கூட நாட்களில் குடும்பச் சுமையை அதிகம் சுமப்பவர்கள் பெற்றோரா, பிள்ளைகளா என்பது இன்றைய தலைப்பு. பிள்ளைகளே என்று வாதிட வந்திருக்கிறேன். புத்தகப் பை, டியூஷன், மதிப்பெண் என்று நான் எழுதிக் கொண்டுவந்த குறிப்புகள் கையில் இருக்கின்றன. ஆனால் எனக்கு முன்னால் பேசிய எதிரணி அண்ணாச்சி ஒரு கேள்வி கேட்டார். இந்தத் திடலில் இன்றிரவு எழுந்த கைத்தட்டல்களில் அதற்குக் கிடைத்ததுதான் பெரியது. அதற்குப் பதில் சொல்லாமல் நான் வேறு எதைப் பேசினாலும் அது உங்கள் காதில் ஏறாது.

அவர் கேட்டது இதுதான். "இரவு ஒன்பது மணிக்குப் பாய் விரித்த பிறகு, 'அம்மா, நாளைக்கு ஒரு சார்ட் வேணும்' என்று பிள்ளை சொல்கிறது. கொட்டுகிற மழையில் தகப்பன் பைக்கை எடுத்துக்கொண்டு கடை கடையாக அலைகிறான். சார்ட் வேண்டும் என்று சொல்ல ஒரு நொடி போதும். அந்த ஒரு நொடியைச் சுமக்க முடியாத பிள்ளையா குடும்பத்தைச் சுமக்கிறது?"

அண்ணாச்சி, நீங்கள் சொன்னது எங்கள் வீட்டில் அப்படியே நடந்தது. சென்ற ஆண்டு ஜூலை மாதம் என் மகன் ஆறாம் வகுப்பு. மாத்தூர் தொட்டிப் பாலத்தைச் சார்ட்டில் வரைந்து கொண்டுவர வேண்டும் என்று வகுப்பில் சொல்லியிருக்கிறார்கள். இரவு ஒன்பது மணி. விளக்கை அணைக்கப் போன என் கையைப் பிடித்துக்கொண்டு, "அம்மா, நாளைக்கு ஒரு சார்ட் வேணும்" என்றான். "ஏன் மக்களே, நேரத்தோட சொல்லக் கூடாதா?" என்று நான் சத்தம் போட்டேன். என் கணவர் ஒன்றும் பேசவில்லை. ஆணியில் மாட்டியிருந்த, இன்னும் ஈரம் காயாத மழைக்கோட்டை எடுத்து மறுபடியும் போட்டுக்கொண்டார்.

சந்தைப் பக்கம் போனால் கடைகளின் ஷட்டர் எல்லாம் இறங்கிவிட்டது. திருவட்டாற்றுக்கு விட்டார். அங்கே மருந்துக் கடை மட்டும்தான் திறந்திருந்தது. மருந்துக் கடைக்காரர் இரக்கப்பட்டு, "பேப்பர் கடைக்காரர் வீடு பின்னால்தான் இருக்கிறது, தட்டிப் பாருங்கள்" என்று வழி காட்டினார். தட்டினார். இடுப்பில் சாரத்தைக் கட்டிக்கொண்டு தூக்கக் கலக்கத்தோடு வந்த அந்த நல்ல மனிதர், மழையில் நிற்கும் தகப்பனைப் பார்த்ததும் ஒரு வார்த்தை கேட்காமல் கடையைத் திறந்தார். சார்ட்டைச் சுருட்டிச் செய்தித்தாளில் பொதிந்து, அதற்கு மேல் உரச்சாக்கின் உள்ளே இருக்கும் பிளாஸ்டிக் உறையைச் சுற்றிக் கொடுத்தார். என் கணவர் வீட்டுக்கு வந்தபோது மணி பத்தேகால். தலையில் இருந்து தண்ணீர் சொட்டுகிறது. சார்ட்டில் ஒரு துளி இல்லை.

இந்தக் கதையை நான் அதன் பிறகு பதினைந்து நாள் சொல்லிக்கொண்டு திரிந்தேன். பேருந்து நிறுத்தத்தில் சொன்னேன், மகளிர் குழுக் கூட்டத்தில் சொன்னேன், குளச்சலில் இருக்கும் தங்கையிடம் தொலைபேசியில் சொன்னேன். கேட்ட எல்லாத் தாய்மார்களும், "எங்கள் வீட்டிலும் இதே கூத்துதான்" என்றார்கள். அன்றைக்கு இந்த மேடை போட்டிருந்தால், அண்ணாச்சி, நான் உங்கள் பக்கத்து நாற்காலியில்தான் உட்கார்ந்திருப்பேன்.

பிறகு ஒரு சனிக்கிழமை. மழையில் நனைந்து வாடை அடிக்கும் புத்தகப் பையைத் துவைப்பதற்காக எல்லாவற்றையும் வெளியே எடுத்தேன். பையின் அடியில், எட்டாக மடித்த ஒரு தாள் இருந்தது. பிரித்தேன். எங்கள் அடுக்களைச் சுவரில் தொங்கும் மாதக் காலண்டரின் ஜூன் மாதத் தாள். பள்ளி திறக்கும் நாளைச் சிவப்பு மையில் நான் வட்டமிட்டிருந்தேன். ஒவ்வொரு கட்டத்துக்குள்ளும் பால் கணக்கு எழுதியிருந்தேன். திருப்பிப் பார்த்தேன். பின்பக்கம் முழுவதும் பென்சிலால் மாத்தூர் தொட்டிப் பாலம்.

1966இல் கட்டி முடிக்கப்பட்ட அந்தப் பாலத்தை நீங்கள் எல்லோரும் பார்த்திருக்கிறீர்கள். பறளியாற்றுப் பள்ளத்துக்கு மேலே 115 அடி உயரத்தில், 28 தூண்களின் மீது, ஒரு குன்றிலிருந்து மறு குன்றுக்குத் தண்ணீரைக் கொண்டுபோகும் தொட்டி அது. என் மகன் வரைந்த படத்தில் நான் தூண்களை எண்ணினேன். பத்தொன்பது இருந்தன. இருபதாவது தூண் தாளின் ஓரத்தில் பாதியில் நின்றுவிட்டது. மீதி எட்டுத் தூண்களுக்கு அந்தக் காலண்டர் தாளில் இடமில்லை.

அன்று மாலை அவனைப் பக்கத்தில் உட்கார வைத்துக் கேட்டேன். உடனே சொல்லவில்லை. ஏத்தம்பழத்தை உரித்துக்கொண்டே துண்டு துண்டாகச் சொன்னான். இப்போது அதே இரவை, அந்தப் பதினொரு வயதுப் பிள்ளையின் பக்கத்திலிருந்து இன்னொரு முறை சொல்கிறேன், பொறுமையாகக் கேளுங்கள்.

மாலை நாலு ஐம்பதுக்கு வேனிலிருந்து இறங்கினான். ஷூவைக் கழற்றும்போதே சொல்லத்தான் வந்தான். நான் தொலைபேசியில் இருந்தேன். குழுத் தவணை கட்ட இரண்டு நாள் அவகாசம் கேட்டுக்கொண்டிருந்தேன். என் முகத்தைப் பார்த்தான், சொல்லவில்லை. ஆறரை மணிக்கு விளக்கு ஏற்றிய பிறகு சொல்ல வந்தான். பாட்டிக்கு மூட்டு வலி; நான் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தேன்; அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போயிற்று. ஏழரைக்கு அப்பா வந்தார். என் கணவர் கட்டடங்களுக்குக் கம்பி கட்டுபவர். மழை பிடித்துக்கொண்டால் கான்கிரீட் போட முடியாது, வேலை நின்றுவிடும். மழைக்கோட்டை ஆணியில் மாட்டிக்கொண்டே, "இந்த வாரம் மூணு நாள்தான் வேலை, இந்த மாசம் இழுத்துப் பிடிக்கணும்" என்று என்னிடம் சொன்னார். சொன்னது என்னிடம்தான். கேட்டவர்கள் இரண்டு பேர்.

சார்ட் பத்து ரூபாய்தான். ஆனால் அந்தப் பிள்ளையின் கணக்கில் அது சார்ட், அதோடு ஸ்கெட்ச் பேனா, அதோடு ஈரமாகத் திரும்பி வந்திருக்கும் அப்பா. ஆகவே பணம் செலவாகாத ஒரு வழியைத் தேடினான். மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் நாற்காலி போட்டு ஏறி, ஜூலைத் தாளுக்குப் பின்னால் மடித்து விட்டிருந்த ஜூன் தாளைக் கிழிசல் சத்தம் கேட்காமல் எடுத்தான். பின்பக்கம் வெள்ளையாக இருந்தது. தரையில் குப்புறப் படுத்து, ஒவ்வொரு தூணாக வரைந்தான். படிக்கிறான் என்று நான் நினைத்துக்கொண்டேன். பத்தொன்பதாவது தூணில் தாள் முடிந்துவிட்டது. அழித்து நெருக்கமாக வரைந்து பார்த்திருக்கிறான். அழித்த தடம் இப்போதும் தெரிகிறது. அதன் பிறகுதான், வேறு வழி எதுவும் இல்லாமல்தான், ஒன்பது மணிக்கு வந்து என் கையைப் பிடித்தான்.

அண்ணாச்சி, சொல்வதற்கு ஒரு நொடி போதும் என்றீர்கள். அந்த ஒரு நொடியை அவன் நாலு மணி நேரத்துக்கும் மேலாகச் சுமந்தான். அப்பா அலைந்தது ஒன்றேகால் மணி நேரம். அந்த அலைச்சலைப் பார்த்தவர்கள் இருக்கிறார்கள். மருந்துக் கடைக்காரர் பார்த்தார், பேப்பர் கடைக்காரர் பார்த்தார், ஊர் முழுக்க எடுத்துச் சொல்ல நான் இருந்தேன். அந்தப் பிள்ளை சுமந்ததைப் பார்க்க யார் இருந்தார்கள்? ஒரே வீட்டுக்குள் இருந்த நானே பார்க்கவில்லையே.

பெற்றோரின் உழைப்பை நான் குறைத்துச் சொல்லவில்லை. நம் குமரி மாவட்டத்தில் பள்ளிக்கூடமும் தென்மேற்குப் பருவமழையும் ஜூன் மாதம் ஒன்றாகத்தான் வருகின்றன. அது ஓய்ந்து மூச்சு விடுவதற்குள் ஐப்பசியில் வடகிழக்குப் பருவமழை வந்துவிடும். இரண்டே செட் சீருடையை வைத்துக்கொண்டு இரண்டு பருவமழையையும் கடத்துகிற தாய்மார்கள் இங்கே இருக்கிறார்கள். காயாத சட்டையை அயர்ன் பாக்ஸால் தேய்த்துத் தேய்த்து உலர்த்தும்போது எழும் அந்த ஆவி வாசனை எனக்கும் தெரியும். ஆனால் இந்த உழைப்புக்கு ஒரு பெயர் இருக்கிறது, அதைச் சொல்லிக்கொள்ள அக்கம்பக்கம் இருக்கிறது, ஆறுதல் கிடைக்கிறது.

கண்ணுக்குத் தெரிந்த சுமைகளை நாடு இறக்கி வைத்திருக்கிறது. 1969 இடைத்தேர்தலில் நாகர்கோவில் தொகுதி நாடாளுமன்றத்துக்கு அனுப்பிய காமராசர், தாம் முதல்வராக இருந்த நாளிலேயே பள்ளிப் பிள்ளைகளின் பசியைப் பார்த்து மதிய உணவு போட்டார். 2022இல் காலை உணவும் வந்தது. பையின் எடை கண்ணுக்குத் தெரிந்தது. 2012-13 கல்வியாண்டில் முப்பருவ முறை கொண்டுவந்து புத்தகங்களைப் பிரித்தார்கள். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் நூற்றுக்கு ஏறத்தாழ 92 பேர் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் என்று மாநிலத்திலேயே முதலிடம் பெற்ற மாவட்டம் இது. இத்தனை படித்த நம் வீடுகளில், பிள்ளையின் முகத்தைப் படிக்க எத்தனை பேருக்கு நேரம் இருக்கிறது? மாத்தூருக்குப் போனால் கீழே நின்று நிமிர்ந்து பார்க்கிறவர்களுக்குத் தூண்கள்தான் தெரியும். மேலே தொட்டிக்குள் ஓடும் தண்ணீர் தெரியாது. எதிரணியில் மூன்று பேரும் தூண்களை மிக அழகாக எண்ணினார்கள். நான் தண்ணீரைப் பற்றிப் பேசுகிறேன்.

நடுவர் அவர்களே, மணியில் கை வைத்துவிட்டீர்கள். இன்னும் இரண்டு நிமிடம் கொடுங்கள். என் மகனை எனக்கு விளங்கியதற்கு ஒரு காரணம் இருக்கிறது.

என் அப்பா ரப்பர் தோட்டத்தில் மரப்பட்டையைக் கீறிப் பால் எடுக்கும் பால்வெட்டுத் தொழிலாளி. விடிவதற்கு முன்னால் நெற்றி விளக்கைக் கட்டிக்கொண்டு போய்விடுவார். வெயில் ஏறுவதற்குள் வெட்டினால்தான் பால் நன்றாக ஓடும். ஆகவே நான் விழிக்கும்போது அப்பா இருக்க மாட்டார். மழை நாளில் மட்டும் இருப்பார். பட்டை நனைந்துவிட்டால் பால் வெட்டிய கோட்டில் வராது, மரம் முழுக்க வழிந்துவிடும், பால் பிடிக்கும் சிரட்டையில் மழைத்தண்ணீர் நிறையும். அன்றைக்கு வெட்டு இல்லை. அந்த நாட்களில் அப்பா என் பையைத் தம் தோளில் போட்டுக்கொண்டு, ஒரே குடைக்குள் என்னைப் பள்ளி வரை கூட்டிக்கொண்டு போவார். குடை என் பக்கம்தான் சாய்ந்திருக்கும். அவருடைய இடது தோள் எப்போதும் நனைந்திருக்கும். அதனால் நான் மழையை அவ்வளவு நேசித்தேன். மூன்றாம் வகுப்பில், ஒவ்வொரு இரவும் போர்வைக்குள் கைகூப்பி, நாளைக்கு மழை பெய்ய வேண்டும் என்று வேண்டிக்கொள்வேன்.

ஒரு நாள் இரவு, நான் தூங்கிவிட்டதாக நினைத்து அம்மா சொன்னது காதில் விழுந்தது. "நாலு நாளா வெட்டு இல்ல. கடையில இனி கடன் தர மாட்டாங்க." அன்றைக்குத்தான் மழைக்கும் எங்கள் வீட்டு அரிசிப் பானைக்கும் உள்ள தொடர்பு எனக்குத் தெரிந்தது. நான் வேண்டிக்கொண்டதால்தான் மழை பெய்தது என்று நான் முழுமனதோடு நம்பினேன். மறுநாளும் மழை. அப்பா குடையை விரித்து, "வா மக்களே, போலாம்" என்றார். அவர் கையைப் பிடிக்க எனக்குக் கூசியது. எட்டு வயது எனக்கு. யாரிடம் சொல்வேன்? அப்பா இப்போது இல்லை. கடைசி வரை அதை நான் அவரிடம் சொல்லவே இல்லை.

மணி அடித்துவிட்டீர்கள், முடித்துக்கொள்கிறேன். அந்த ஜூன் மாதத் தாளை இன்று கொண்டுவந்திருக்கிறேன். என் மகனிடம் கேட்டு, அவன் சம்மதித்த பிறகுதான் எடுத்து வந்தேன். எட்டாக மடித்த கோடுகள் இன்னும் இருக்கின்றன. முன்பக்கம் என் பால் கணக்கு. பின்பக்கத்தை, நடுவர் அவர்களே, விளக்குக்கு நேராகப் பிடித்துப் பாருங்கள். ஓரத்தில் பாதியில் நிற்கிறதே, அதுதான் இருபதாவது தூண்.

வணக்கம்.