அந்தப் பக்கத்துக் காது

நடுவர் ஐயா அவர்களுக்கும், வெயில் தாழ்ந்ததும் கிளம்பி வந்து மண்டபத்தை நிறைத்திருக்கும் உங்களுக்கும் வணக்கம். வேலைக் கோல்களுக்கு, அதாவது வேலைக்காகப் பேசும் அழைப்புகளுக்கு, ஏற்றது இயர்பட்ஸா, ஹெட்செட்டா என்பது தலைப்பு. நான் ஹெட்செட் பக்கம்.

எதிரணித் தம்பி சற்று முன் நன்றாகவே பேசினார். இயர்பட்ஸ் சட்டைப் பைக்குள் அடங்கும், பாட்டு அருமையாகக் கேட்கும், வெளிச்சத்தத்தைக் குறைக்கும், மட்டக்களப்பு வெக்கையில் தலையில் எதையும் கவிழ்க்கத் தேவையில்லை என்றார். எல்லாம் சரி. இந்த நன்மையெல்லாம் யாருக்கு? போட்டிருப்பவருக்கு. கோல் என்றால் இரண்டு பேர் அல்லவா? அந்தப் பக்கம் இருப்பவரைப் பற்றித் தம்பி ஒரு வார்த்தை பேசவில்லை. நான் அவருக்காகத்தான் வந்திருக்கிறேன்.

கடைக்குப் போனால் என்ன செய்கிறோம்? காதில் வைத்து ஒரு பாட்டைப் போட்டுப் பார்க்கிறோம். நெஞ்சில் இடித்தால் காசை நீட்டுகிறோம். அதன் மைக் எப்படி என்று கேட்டுப் பார்த்து வாங்கியவர்கள் இந்த மண்டபத்தில் எத்தனை பேர்? கை தூக்க வேண்டாம், சும்மா கேட்டேன். நம் குரல் எப்படிப் போய்ச் சேருகிறது என்பது நமக்குத் தெரியவே தெரியாது. கொழும்பில் இருக்கும் மேலாளருக்குத் தெரியும். அவர் மரியாதைக்கு இரண்டு தரம் 'திரும்பச் சொல்லுங்க' என்பார். மூன்றாம் தரம் விளங்காமலே தலையாட்டிவிட்டு அடுத்தவரிடம் போய்விடுவார். நாமும் கூட்டம் நன்றாக நடந்தது என்று எழும்பிப் போவோம்.

ஏன் விளங்கவில்லை? தூரம்தான் காரணம். ஹெட்செட்டின் மைக் ஒரு தண்டில் நீண்டு வாய்க்கு ஏறத்தாழ 3 சென்ரிமீற்றர் பக்கத்தில் வந்து நிற்கிறது. இயர்பட்ஸின் மைக் காதடியில், வாயிலிருந்து 12 சென்ரிமீற்றர் அளவில் கிடக்கிறது. தூரம் இரட்டிப்பானால் ஒலி 6 டெசிபெல் குறையும். 3இலிருந்து 12 என்றால் இரண்டு இரட்டிப்பு, 12 டெசிபெல். ஆற்றலில் பார்த்தால் 16இல் ஒரு பங்கு. அறையில் உள்ள ஃபேன் சத்தமோ இரண்டு மைக்குக்கும் ஒரே அளவில்தான் போகிறது. குரல் மெலிந்துவிட்டது, சத்தம் மெலியவில்லை.

இதை நம் ஊர்க்காரருக்கு நான் விளக்க வேண்டியதில்லை. நிலவுக் காலத்தில் கல்லடிப் பாலத்தடிக்குத் தோணியில் போய், வாவித் தண்ணீருக்குள்ளிருந்து வரும் மீன் பாட்டுக் கேட்டவர்கள் துடுப்பின் ஒரு முனையைத் தண்ணீருக்குள் விட்டு, மறுமுனையைக் காதோடு வைத்துத்தான் கேட்டார்கள். தோணியில் சும்மா உட்கார்ந்திருந்தால் காற்றும் அலையும்தான் காதில் விழும். சத்தம் பிறக்கிற இடத்துக்குக் கிட்டப் போகவேண்டும். ஹெட்செட்டின் தண்டு செய்வதும் அதே வேலைதான்.

எதிரணி கேட்கலாம், 'இயர்பட்ஸில் இரண்டு மூன்று மைக் இருக்கிறதே, உள்ளே இருக்கும் சிப் குரலைப் பிரித்தெடுக்குமே' என்று. உண்மை. அமைதியான அறையில் நல்ல இயர்பட்ஸின் மைக் குறை சொல்ல முடியாதபடி வேலை செய்யும். ஆனால் நமக்கு அந்த அமைதியான அறை எப்போது கிடைக்கிறது? லண்டன் நிறுவனத்துக்கு வீட்டிலிருந்து வேலை செய்யும் பிள்ளைகள் இங்கே இருக்கிறார்கள். அவர்களுக்கு அங்கே காலை 9 மணி என்றால், கோடை காலத்தில் நமக்குப் பிற்பகல் 1.30. மண்டை காயும் நேரம். ஃபேன் முழு வேகத்தில் சுற்றும், ஜன்னல் திறந்திருக்கும், அந்த மாதங்களில் கச்சான் காற்று வேறு அள்ளி எறியும். வைகாசி என்றால் கண்ணகி அம்மன் கோயில் சடங்கு, திருக்குளிர்த்தி முடியும்வரை ஒலிபெருக்கி ஓயாது. மாலையானால் பாண் வண்டி பாட்டோடு வரும். மாரியில் தகரக் கூரையில் மழை விழும்போது பக்கத்தில் இருப்பவரோடு கதைப்பதே கஷ்டம். இவ்வளவுக்கும் நடுவே அந்தச் சின்னச் சிப் எது குரல், எது மழை என்று ஊகிக்க வேண்டும். பிழையாக ஊகித்தால் மழையோடு சேர்த்து நம் சொல்லின் பாதியையும் கடித்துவிடும்.

தம்பி பெருமையாகச் சொன்ன 'நொய்ஸ் கான்சலிங்' பற்றியும் ஒரு சொல். அது வெளிச்சத்தத்துக்கு எதிரான ஒலியை உண்டாக்கி, உங்கள் காதுக்குப் போகும் இரைச்சலைக் குறைக்கும் ஏற்பாடு. நீங்கள் அனுப்பும் குரலுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. உங்களுக்கு உலகமே அமைதியாக இருக்கும். அந்த அமைதியில் மயங்கி மைக்கைத் திறந்தால், அங்கே உட்கார்ந்திருப்பவர் நம் தெருவை முழுக்கக் கேட்டுக்கொண்டிருப்பார்.

மறுகா, புளூடூத். பாட்டுக் கேட்கும்போது தேன் போலிருந்த இயர்பட்ஸ், கோல் தொடங்கியவுடன் தகரப் பேணிக்குள் பேசுவதுபோல ஆவதைக் கவனித்திருப்பீர்கள். பழுது ஒன்றுமில்லை. வழக்கமான புளூடூத்தில் மைக்கைத் திறந்தவுடன் இசைக்கான வழி மூடி, பேச்சுக்கான வழி திறக்கும். இசைக்கு ஒலியை வினாடிக்கு 44,100 தரம் அளந்து மாதிரி எடுத்த இடத்தில், பேச்சுக்கு 8,000; பிறகு வந்தவற்றில் 16,000. அந்த 8,000இல், அதன் பாதியான 4,000 ஹேர்ட்ஸுக்கு மேல் உள்ள உயர்ந்த சுருதி ஒலி எதுவும் போகாது. 'எஸ்'ஸையும் 'எஃப்'பையும் பிரித்துக் காட்டும் சீறல் பெரும்பாலும் அதற்கு மேலேதான் இருக்கிறது. மின்னஞ்சல் முகவரியை எழுத்தெழுத்தாகச் சொல்லிக் களைத்தவர்களுக்கு இது புரியும்.

நியாயமாகச் சொல்லவேண்டும்: புளூடூத் ஹெட்செட்டுக்கும் இதே நோய் உண்டு. ஆகவே நான் வாதாடுவது யூ.எஸ்.பி. வயர் உள்ள ஹெட்செட்டுக்கு. 2020இல் அறிவிக்கப்பட்ட எல்.ஈ. ஓடியோ என்ற புதிய புளூடூத் ஒலிமுறை இந்தக் குறையைக் குறைக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் இயர்பட்ஸ், கணினி இரண்டும் அதை ஏற்பவையாக இருக்கவேண்டும். மேசையில் இருக்கும் பழைய லப்டொப் அதற்குச் சம்மதிக்குமா என்பதைத் தம்பி வீட்டுக்குப் போய்ப் பார்க்கட்டும்.

சார்ஜ் கதையை நீட்டவில்லை. ஆப்பிளின் ஏர்பாட்ஸ் ப்ரோ இரண்டாம் தலைமுறைக்கு ஒரு சார்ஜில் பேசலாம் என்று அந்த நிறுவனமே சொல்லும் நேரம் 4.5 மணி. வேலை நாள் 8 மணி. வயருக்கு சார்ஜே இல்லை. நடந்துகொண்டு பேச முடியாதே என்பீர்கள். முடியாதுதான். நடக்கும்போது இயர்பட்ஸையே போடுங்கள், அதில் எனக்குச் சண்டையில்லை.

வெக்கையைப் பற்றித் தம்பி சொன்னதில் நியாயம் இருக்கிறது. இரண்டு காதையும் தோலுறையால் மூடினால் அரை மணியில் வேர்த்துக் கொட்டும். அதற்குத்தான் ஒற்றைக் காது ஹெட்செட் இருக்கிறது. ஒரு பக்கம் மட்டும் பஞ்சுத் துண்டு, மறுகாது காற்றோட்டமாகத் திறந்திருக்கும். நம் குரல் நமக்கே கேட்பதால் கத்தவும் தோன்றாது. இரண்டு காதையும் ரப்பரால் அடைத்துக்கொண்டு பேசுபவர் தன் குரலின் அளவு தெரியாமல் பக்கத்து வளவுக்கே சம்பளக் கணக்கைச் சொல்லிவிடுவார். பஞ்சு பழசானால் அதை மட்டும் மாற்றலாம். இயர்பட்ஸின் பேட்டரி செத்தால் பெரும்பாலும் குப்பைக்குத்தான். அதற்கு முன்னமே ஒன்று கானுக்குள் விழாமல் இருந்தால் அதிர்ஷ்டம்.

இன்னொன்று, வீட்டு விஷயம். தலையில் ஹெட்செட் இருந்தால் அம்மா வாசலிலேயே நின்று, சைகையில் 'தேத்தண்ணி வேணுமா' என்று கேட்டுவிட்டுப் போவார். இயர்பட்ஸ் முடிக்குள் மறைந்திருக்கும். 'மனே, மீன்காரன் வந்திட்டான், சூரையா பாரையா?' என்று கேட்பது கூட்டத்தில் உள்ள அத்தனை பேருக்கும் போகும். மகள் கோபத்தில் கை காட்டினால், தனியாக இருந்து கதைக்கிறாளே, பிள்ளைக்கு என்ன நடந்தது என்று கவலைப்படவும் கூடும்.

மணி அடித்துவிட்டார்கள். நடுவர் ஐயா, ஒரே ஒரு கோரிக்கை. எதிரணித் தம்பி பேச வந்தபோது முதல் வேலையாக இந்த மேடை மைக்கைப் பிடித்து இழுத்து, தன் வாய்க்கு நேரே வைத்துக்கொண்டார். நீங்களும் பார்த்தீர்கள். அடுத்து வரும் எதிரணித் தங்கை தன் கட்சியில் உறுதியாக நிற்பவர் என்றால், இதே மைக்கைத் தன் காதுப் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டு பேசட்டும். கடைசி வரிசையில் இருப்பவர்களுக்கு விளங்கினால், வெற்றியை அவர்களுக்கே கொடுத்துவிடுங்கள்.