ஊசிக்கோபுரத்துக்குள் ஒரு ஞாயிறு

அவையோருக்கு வணக்கம். "பாளையங்கோட்டையில் ஊசிக்கோபுரத்தைத் தினமும் பஸ்ஸில் கடந்து போகிறோம். ஒரு ஞாயிற்றுக்கிழமை உள்ளே போய் உட்காரலாமா, உட்கார்ந்தால் என்ன செய்யவேண்டும்?" என்று நம் வாசகர் வட்ட நண்பர்கள் கேட்டார்கள். ஊசிக்கோபுரம் என்பது அங்குள்ள சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) கிறிஸ்தவ ஆலயம். அதனால்தான் இந்தத் தலைப்பு.

தாராளமாகப் போகலாம். கொஞ்சம் முன்னதாகவே போய்ப் பின்வரிசைகளில் ஒன்றில் உட்காருங்கள். முன்னால் இருப்பவர்கள் எழுந்தால் எழலாம், உட்கார்ந்தால் உட்காரலாம். பெண்கள் முந்தானையால் தலையை மூடியிருப்பார்கள். நீங்கள் மூடவில்லை என்று யாரும் சண்டைக்கு வரமாட்டார்கள்.

உங்கள் தயக்கம் எனக்குப் புரிகிறது. சிவன் கோயிலில் குருக்கள் மந்திரம் சொல்வார், நாம் கைகூப்பி நின்றால் போதும். சி.எஸ்.ஐ. ஆராதனையில் பாதிப் பேச்சு சபையாருடையது. ஆராதனை நடத்தும் போதகரான ஆயர் ஒரு வரி சொன்னால் சபை அடுத்த வரியைச் சொல்லும். பாவ அறிக்கையை எல்லாரும் சேர்ந்து சொல்வார்கள், பைபிளில் உள்ள துதிப்பாடல்களான சங்கீதத்தை மாறி மாறி வாசிப்பார்கள். புதிதாக வந்தவருக்குத்தான் தன் வரி எது என்று தெரியாது. பயப்படவேண்டாம், ஆராதனை முறைமை புத்தகத்தில் எல்லாம் அச்சிலேயே இருக்கிறது. மக்கள் தங்கள் மொழியில், தங்கள் வாயால் வழிபடவேண்டும் என்பது சீர்திருத்த (புராட்டஸ்டன்ட்) திருச்சபைகளின் ஆதாரக் கொள்கை. 1706-ல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய ஜெர்மானிய மிஷனரி சீகன்பால்க், தமிழ் படித்து, 1715-க்குள் புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சிட்டு முடித்ததற்குக் காரணமும் அதுதான்.

நம்மவர்களுக்குச் சுலபமான வாசல் பாட்டு. சுவரில் ஒரு பலகையில் அன்றைய பாடல் எண்கள் இருக்கும். பாமாலை என்றால் ஐரோப்பிய மெட்டு, ஆர்கன் முழங்கும். கீர்த்தனை என்றால் ராகமும் தாளமும் நம்முடையவை. தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் பாடியவற்றைக் கேட்டால் கச்சேரி கேட்கிறவர்களின் கை தானாகத் தாளம் போடும். ஆராதனையில் எனக்குப் பிடித்த இடம் கீர்த்தனைதான். பிரசங்கம் சில வாரம் நீளும், சொல்லிவிடுகிறேன்.

ஒரு கசப்பையும் மறைக்கக்கூடாது. 'எங்கே வேண்டுமானாலும் உட்காருங்கள்' என்று இன்று சொல்கிறோமே, ஒரு காலத்தில் தமிழகத்து ஆலயங்களில் சாதிவாரியாகத்தான் உட்கார்ந்தார்கள். 1833-ல் கல்கத்தாவின் ஆங்கிலிக்கன் பேராயர் டேனியல் வில்சன் சபைக்குள் சாதி கூடாது என்று சுற்றறிக்கை விட்டபோது பெரிய எதிர்ப்புக் கிளம்பியது. எதிர்த்தவர்களில் நான் மெச்சிய சாஸ்திரியாரும் ஒருவர். பாட்டுக்காக அவரைக் கொண்டாடுகிறேன், இதற்காக அல்ல.

திருவிருந்து, அதாவது இயேசுவின் நினைவாக அப்பமும் திராட்சைரசமும் பகிரும் சடங்கு, இருக்கும் நாளில் மட்டும் ஒரு கவனம். அவை திடப்படுத்தல் (ஞானஸ்நானத்துக்குப் பின் விசுவாசத்தை உறுதிப்படுத்தும் சடங்கு) பெற்ற சபையாருக்கு உரியவை. வரிசை நகரும்போது நீங்கள் இருந்த இடத்திலேயே இருக்கலாம், அது அவமரியாதை ஆகாது. அதற்கு முன்பு, சமாதானம் கூறுகிற நேரத்தில், பக்கத்தில் இருப்பவர் திரும்பித் தம் கைகளை உங்கள் கைகளோடு சேர்ப்பார். கொடுத்துவிடுங்கள். 1947-ல் பல சபைகள் இணைந்து தென்னிந்தியத் திருச்சபை ஆனபின், கேரளத்துச் சிரியன் கிறிஸ்தவர்களின் வழிபாட்டு மரபிலிருந்து எடுத்துச் சேர்த்துக்கொண்ட வழக்கம் அது. காணிக்கைப் பை வந்தால் போடலாம், போடாமலும் பக்கத்தவரிடம் நகர்த்தலாம்.

பெரிய ஆலயம் மலைப்பாக இருந்தால் பாளையங்கோட்டையிலேயே உள்ள பாப்பாத்தியம்மாள் கோயில் என்ற ஆலயத்துக்குப் போங்கள். ஞானஸ்நானம் பெற்றுக் குளோரிந்தா ஆன பிராமண விதவை கட்டி, 1785-ல் பிரதிஷ்டை ஆன கோயில் அது. கிராமத்துச் சபை என்றால் இன்னும் நல்லது. ஆராதனை முடிந்ததும் ஓடிவிடாதீர்கள். காணிக்கையாக வந்த வாழைத்தார், பூசணி, முட்டை எல்லாவற்றையும் சில ஊர்களில் வாசலிலேயே ஏலம் விடுவார்கள். அதில் கேட்பதற்கு நீங்கள் சபையாராக இருக்கவேண்டியதில்லை.