பூட்டனாரின் கடிதக்கட்டோடு தைப்பிங் நகரில் ஆறுதலாக ஒரு பயணம்

வணக்கம் உறவுகளே. வெளிநாட்டுப் பயணம் என்ற பேச்சு எழுந்தால், எந்த நாடு, எத்தனை இடங்கள், எவ்வளவு செலவு என்ற கேள்விகளோடுதான் எங்கள் ஆட்கள் தொடங்குவார்கள். யாழ்ப்பாணத்தில் எங்கள் வீட்டு விறாந்தையில் இருந்துகொண்டு இந்தக் காணொளியில் நான் உங்களிடம் சொல்ல வருவது, அந்தக் கேள்விகளுக்கு முன்னால் வீட்டு றங்குப்பெட்டியை ஒருமுறை திறந்து பாருங்கள் என்பதுதான். முன்னோர் விட்டுச்சென்ற பொருள் ஒன்று அதில் இருக்குமானால், போகவேண்டிய ஊரை அந்தப் பொருளே தெரிவு செய்யட்டும்; போன பிறகு, அதை விளங்கிக்கொள்வதற்கு எவ்வளவு காலம் வேண்டுமோ அவ்வளவு காலம் அந்த ஊரிலேயே ஆறுதலாகத் தங்கியிருங்கள்.

இந்த மேசையில் இருப்பவற்றைப் பாருங்கள். இது, மலாயாவில், அதாவது இன்றைய மலேசியத் தீபகற்பத்தில், புகையிரதத் திணைக்களத்தில் கிளாக்கராக இருந்த எங்கள் பூட்டனார், மானிப்பாயில் இருந்த பூட்டிக்கு எழுதிய கடிதங்களின் கட்டு. இது, அவரும் உடன் வேலை செய்தவர்களும் ஒரு நிலையத்தின் மேடையில் வெள்ளை உடுப்போடு வரிசையாக நின்று எடுத்துக்கொண்ட படம். இந்தக் குவளை, விடுமுறையில் ஊருக்கு வந்தபோது அவர் கொண்டுவந்தது. வெள்ளீயத்தோடு சிறிதளவு வேறு உலோகம் கலந்து வார்த்தது.

இளைய உறவுகளுக்காக ஒரு விளக்கம் சொல்லவேண்டும். 1816இல் அமெரிக்க மிஷனரிமார் யாழ்ப்பாணம் வந்தார்கள். 1823இல் வட்டுக்கோட்டையில் செமினறி என்ற ஆங்கில உயர்கல்விக் கூடத்தைத் தொடங்கினார்கள். அந்த நூற்றாண்டின் இறுதிக்குள் ஆங்கிலம் படித்த இளைஞர்கள் ஊருக்கு ஊர் இருந்தார்கள், ஆனால் அவர்கள் எல்லோருக்கும் இங்கே உத்தியோகம் இருக்கவில்லை. அதே காலத்தில் பிரித்தானியர் மலாயாவில் புகையிரதப் பாதை போடவும், காணி அளக்கவும், வைத்தியசாலை நடத்தவும், கணக்கு எழுதவும் ஆங்கிலம் தெரிந்தவர்களைத் தேடிக்கொண்டிருந்தார்கள். இப்படிக் கப்பலேறிப் போய், தலை நரைத்த பிறகு ஓய்வூதியத்தோடு திரும்பி வந்தவர்களை ஊரில் மலாயன் பென்சனியர் என்று மரியாதையோடு அழைத்தார்கள். குடாநாட்டின் பழைய கல்வீடுகள் பலவற்றின் அத்திவாரத்தில் மலாயாக் காசு இருக்கிறது. அவர்கள் கட்டிய வீடுகளைப் பற்றிப் பேசுகிற அளவுக்கு, அவர்கள் வாழ்ந்த ஊர்களைப் பற்றி நாங்கள் பேசுவதில்லை என்பது என் நெடுநாள் மனக்குறை.

1995 ஒக்டோபர் 30ஆம் திகதி போரினால் குடாநாட்டின் வலிகாமம் பகுதி முழுவதும் இடம்பெயர்ந்தபோது, அம்மம்மா தன் தகப்பனாருடைய கடிதங்களையும் இந்தப் படத்தையும் ஒரு சேலையில் சுற்றி, மாற்றுடுப்புகளோடு சேர்த்து எடுத்துக்கொண்டு நாவற்குழிப் பாலத்தைக் கடந்தார். குவளையை வளவில் புதைத்துவிட்டுப் போனார்கள். திரும்பி வந்தபோது அது இருந்தது. கல்யாணப் படங்களும், உறுதிகளும், சாதகக் குறிப்புகளும் காணாமல் போன வீடுகள் இங்கே ஏராளம். எஞ்சிய கொஞ்சத்தைப் பெட்டிக்குள் பூட்டிவைப்பதோடு எங்கள் கடமை முடிந்துவிடாது என்று நான் நினைக்கிறேன்.

கடிதங்களில் திகதி அழிந்துபோனவை சில உண்டு. அவற்றை ஒழுங்குபடுத்த உதவியவை முத்திரைகள். 1900ஆம் ஆண்டு தொடக்கம் 1930களின் நடுப்பகுதி வரை பேராக் உள்ளிட்ட நான்கு மாநிலங்கள் சேர்ந்த மலாய் ஐக்கிய அரசுகளின் முத்திரையில் பாய்கின்ற புலி ஒன்று இருக்கும். 1935இல் பேராக் மாநிலம் தன் சுல்தானின் உருவம் பொறித்த முத்திரையை வெளியிட்டது. ஆகவே புலி ஒட்டிய உறை முந்தியது, சுல்தான் ஒட்டிய உறை பிந்தியது என்று பிரித்துக்கொண்டு, அஞ்சல் குறியில் தெரிந்த ஊரின் பெயரையும் கூட்டிப் பார்த்தபோது, பெரும்பாலான கடிதங்கள் தைப்பிங் என்ற ஒரே ஊரிலிருந்து வந்தவை என்பது தெளிவாயிற்று. கோலாலம்பூரின் உயர்ந்த கோபுரங்களைப் பார்க்கப் போகிற எங்கள் ஆட்களில் மிகச் சிலரே அந்த ஊர்ப் பெயரைக் கேள்விப்பட்டிருப்பார்கள்.

தைப்பிங், பேராக் மாநிலத்தில், லாருட் மலைத்தொடரின் அடிவாரத்தில் இருக்கிறது. 1937 வரை அந்த மாநிலத்தின் தலைநகராக இருந்தது. அதன் பின்னர் தலைநகர் ஈப்போவுக்கு மாறியது. அந்த ஊரை உருவாக்கியது வெள்ளீயம். சுரங்கங்களுக்காகச் சீனக் குழுக்கள் ஆண்டுக்கணக்காகச் சண்டையிட்டன. 1874இல் பேராக் ஆட்சியாளரோடு செய்த பங்கோர் ஒப்பந்தத்தோடு பிரித்தானியர் உள்ளே நுழைந்தார்கள். தோண்டிய ஈயத்தைத் துறைமுகத்துக்குக் கொண்டுபோக மலாயாவின் முதலாவது புகையிரதப் பாதையை அவர்கள் போட்டார்கள். தைப்பிங்கிலிருந்து போர்ட் வெல்ட் வரை ஏறத்தாழ 13 கிலோமீற்றர் நீளமான அந்தப் பாதை 1885 ஜூன் 1ஆம் திகதி திறக்கப்பட்டது. அதை அமைப்பதற்கு இலங்கையிலிருந்தும் பயனியர் படை என்ற வீதிவேலைக் குழுவின் தொழிலாளர்கள் அழைத்துச் செல்லப்பட்டார்கள். கொழும்பிலிருந்து யாழ்ப்பாணத்துக்குப் பாதை முழுமையாக வந்து சேர்ந்தது 1905இல் என்பதை நினைத்துப் பாருங்கள். எங்கள் ஊருக்குக் கொழும்புப் புகையிரதம் வருவதற்கு 20 ஆண்டுகளுக்கு முன்னரே, எங்கள் நாட்டவர் அங்கே தண்டவாளம் போட்டிருக்கிறார்கள்.

கோலாலம்பூரிலிருந்து வடக்கே போகிற மின்சாரப் புகையிரதத்தில் மூன்று, மூன்றரை மணித்தியாலத்தில் தைப்பிங் வந்துவிடும். புதிய நிலையத்தின் பக்கத்தில் பழைய நிலையக் கட்டடம் இன்னும் நிற்கிறது. நான் படத்தின் பிரதியைக் கையில் வைத்துக்கொண்டு, கூரையின் தாங்குமரங்களையும் தூண்களையும் ஒவ்வொன்றாக ஒப்பிட்டுப் பார்த்தேன். அவசரமாக வந்து படம் பிடித்துவிட்டுப் போகிறவருக்கு அது ஒரு பழைய கட்டடம் மட்டுமே. ஆனால் வெயில் சாய்கிற நேரத்தில் திரும்பவும் வந்து பார்த்தபோது, படத்தில் அவர்களுடைய காலடியில் விழுந்திருக்கிற நிழலும், என் முன்னால் மேடையில் விழுந்த நிழலும் ஒரே பக்கமாகச் சரிந்திருந்தன. இதே மேடைதான் என்று என்னால் சத்தியம் செய்ய முடியாது. பாதையின் வேறு நிலையங்களும் இப்படியே இருந்திருக்கலாம். என்றாலும் பிற்பகலில் எடுத்த படம் அது என்று எனக்குத் தோன்றியது, வேலை முடிந்த பிறகு அவர்கள் கூடி நின்றிருக்கிறார்கள் என்று எண்ணிக்கொண்டேன். ஊரில் பெட்டிக்கு முன்னால் இருந்து எத்தனை தரம் பார்த்தும் இந்த எண்ணம் எனக்கு வந்ததில்லை.

அங்கிருந்து ஏரிப்பூங்காவுக்கு நடந்தே போகலாம், நடந்துதான் போகவேண்டும். கைவிடப்பட்ட ஈயச் சுரங்கக் குழிகளில் நீர் தேங்கி உருவான ஏரிகளைச் சுற்றி, 1880களில் அமைக்கப்பட்ட பூங்கா அது. கரையோரத்துத் தூங்குமூஞ்சி மரங்கள் வீதியைத் தாண்டி, நீரைத் தொடுகிற அளவுக்குக் கிளைகளைத் தாழ்த்தியிருக்கின்றன. பூட்டனார் கந்தோர் முடிந்து மாலையில் அங்கே உலாவப் போவதைப் பல கடிதங்களில் எழுதியிருக்கிறார். ஒரு கடிதத்தில், அந்த மரநிழலில் நடக்கும்போது மானிப்பாய் மருதடிப் பிள்ளையார் கோயில் வீதி நினைவுக்கு வருவதாகவும், ஒடியல் மாவும் பனங்கட்டியும் அடுத்த முறை வருகிறவர் கையில் கொடுத்துவிடும்படியும் ஒரே பந்தியில் எழுதியிருக்கிறார். ஊரின் நினைவு அவருக்கு வாய்ச்சுவையோடு சேர்ந்தே வந்திருக்கிறது. அந்தக் கடிதத்தின் பிரதியை நான் ஏரிக்கரை வாங்கு ஒன்றில் இருந்தபடியே வாசித்தேன். உங்களுக்கும் இதையே செய்யச் சொல்வேன்: எழுதப்பட்ட இடத்தில் வைத்து, எழுதப்பட்ட நேரத்துக்குக் கிட்டிய நேரத்தில், வாய்விட்டு வாசியுங்கள்.

பிறகு மழை வந்தது. மலேசியத் தீபகற்பத்திலேயே மிகுதியாக மழை பெய்கிற ஊர் தைப்பிங். ஆண்டுக்கு ஏறத்தாழ 4000 மில்லிமீற்றர். மேற்கிலிருந்து வருகிற ஈரக்காற்றை மலைத்தொடர் மறிப்பதால் பின்னேரங்களில் கொட்டித் தீர்க்கிறது. முந்திய காலத்தில் அங்கே எப்போது மழை வரும் என்று பந்தயம் கட்டுவார்களாம். வற்றாத ஆறில்லாத, கிணற்றை நம்பியே வாழ்கிற, மாரிக்காக ஐப்பசி வரை காத்திருக்கிற குடாநாட்டிலிருந்து போன ஒருவர், கடிதத்துக்குக் கடிதம் மழையைப் பற்றி எழுதியது ஏன் என்று எங்கள் வீட்டில் எல்லோரும் கேட்டிருக்கிறோம். அருங்காட்சியகத்தின் வாசலில் மழைக்கு ஒதுங்கி நின்றபோது அந்தக் கேள்வி எனக்கு இல்லாமல் போயிற்று. அந்த அருங்காட்சியகம் 1883இல் தொடங்கப்பட்டது, மலேசியாவில் மிகப் பழையது. மழை நேரத்தில் உள்ளே போய் நிதானமாகப் பாருங்கள்.

கடிதக்கட்டின் நடுவில் ஓர் இடைவெளி இருக்கிறது. 1941 நவம்பருக்குப் பிறகு கடிதம் இல்லை. அந்த ஆண்டு டிசம்பர் 8ஆம் திகதி யப்பானியப் படை கோத்தா பாருவில் இறங்கியது. டிசம்பர் முடிவதற்குள் பேராக்கின் பெரும்பகுதி அவர்கள் கையில் விழுந்தது. 1942 பெப்ரவரி 15இல் சிங்கப்பூரும் வீழ்ந்தது. அதன் பிறகு மலாயாவுக்கும் இலங்கைக்கும் இடையில் தபால் இல்லை. மணியோடரும் இல்லை. பூட்டி தாலிக்கொடியை அடகு வைத்துப் பிள்ளைகளை வளர்த்தார். கணவர் உயிரோடு இருக்கிறாரா என்பதைக் கேட்டறிய ஒரு வழியும் அவருக்கு இருக்கவில்லை. தைப்பிங்கில் மலைக்குப் போகிற வீதியோரம் போர் மயானம் இருக்கிறது. அந்தப் போரில் இறந்த 800க்கும் மேற்பட்டவர்களின் கல்லறைகள் அங்கே உண்டு. வீதியின் ஒரு பக்கம் கிறிஸ்தவர்களுக்கும், மறுபக்கம் இந்துக்கள், முஸ்லிம்கள் உள்ளிட்ட ஏனையோருக்கும் ஒதுக்கப்பட்டிருக்கிறது. எங்கள் குடும்பத்தவர் எவரும் அங்கே இல்லை. ஆனாலும் அந்த இடைவெளியின் ஆண்டுகள் கல்லில் வெட்டப்பட்டிருப்பதைப் பார்த்தபடி ஒரு காலை முழுவதும் அங்கே நின்றேன். கடிதக்கட்டில் அடுத்த கடிதம் 1945இன் கடைசியில் எழுதப்பட்டது. தான் சுகமாக இருப்பதையும், பலர் இல்லாமல் போனதையும் சொல்லிவிட்டு, பிள்ளைகள் ஒவ்வொருவருடைய வயதையும் அவரே கணக்கிட்டு எழுதி, சரிதானா என்று கேட்கிறார்.

போர்ட் வெல்ட் இன்று கோலா செப்பெத்தாங் என்று அழைக்கப்படுகிறது. தண்டவாளங்கள் இல்லை. பழைய நிலையத்தின் பெயர்ப்பலகை மட்டும் மீனவ ஊரின் கடைத்தெருவில் நிற்கிறது, அதில் மற்ற எழுத்துகளோடு தமிழும் இருக்கிறது. பக்கத்தில் மாத்தாங் கண்டல்காடு. மரங்களை 30 ஆண்டுச் சுற்றில் வெட்டி, திரும்ப நட்டு, ஒரு நூற்றாண்டுக்கு மேலாக ஒழுங்காகப் பேணிவருகிறார்கள். வெட்டிய கண்டல் மரத்தைச் செங்கல்லால் கட்டிய சூளைகளில் கரியாக்குகிற இடத்தையும் பார்க்கலாம். எங்கள் வீட்டுக் குவளையின் ஈயம் இந்த வழியாகப் போயிருக்குமோ, வேறு சுரங்கத்தில் வந்ததோ, எனக்குச் சொல்ல முடியாது. ஆனால் அதைப் போன்ற ஈயத்துக்காகத்தான் இந்தப் பாதையும், பாதைக்காகத்தான் பூட்டனாரின் உத்தியோகமும் இருந்தன என்பது அந்தப் பலகையின் முன்னால் நிற்கும்போது நன்றாக விளங்குகிறது.

நேரம் மிஞ்சினால் பினாங்கு ஜோர்ஜ் டவுனுக்குப் போகலாம்; 2008இல் மலாக்காவோடு சேர்த்து யுனெஸ்கோ உலக மரபுரிமைப் பட்டியலில் இடம்பெற்ற நகரம். பட்டர்வேர்த் வரை புகையிரதத்தில் போய், அங்கிருந்து படகில் கடப்பதே அழகு. கோலாலம்பூரில் 1910இல் கட்டிய பழைய நிலையத்தையும், பிரிக்பீல்ட்ஸ் பகுதியில் இலங்கைத் தமிழர் எழுப்பிய கந்தசுவாமி கோயிலையும் தவறவிடாதீர்கள். இவற்றைப் பற்றித் தனியாக ஒரு காணொளி செய்வேன்.

இனிப் பொருட்களைப் பற்றி. மூலப்பொருளைப் பயணத்தில் கொண்டுபோகாதீர்கள். நான் கடிதங்களின் பிரதிகளை மட்டுமே கொண்டுபோனேன். அந்த மழையூரின் ஈரம் பழைய காகிதத்துக்கு ஆகாது. கடிதத்தை வெயில் படாத வெளிச்சத்தில் தட்டையாக வைத்து இரு பக்கமும் படமெடுங்கள், உறையையும் முத்திரையையும் விட்டுவிடாதீர்கள். கிழிந்த இடத்தில் ஒட்டுநாடா ஒட்டவேண்டாம், அதன் பசை மஞ்சளாகிக் காகிதத்தைத் தின்றுவிடும். லமினேற் செய்வதும் கூடாது. பிறகு அதைப் பிரிக்க முடியாது. அமிலமற்ற காகித உறை கிடைத்தால் நல்லது. இரும்பு ஊசியையும் கிளிப்பையும் கழற்றிவிடுங்கள், அவற்றின் துரு எழுத்தை அரிக்கும். கறையான் ஏறாத உயரத்தில், சுவரில் முட்டாமல் பெட்டியை வையுங்கள்.

இவை எல்லாவற்றுக்கும் முன்னால் வீட்டில் இருக்கிற மூத்தவர்களிடம் கேளுங்கள். படத்தில் நிற்கிறவர்களில் அம்மம்மாவுக்குத் தெரிந்த பெயர்களை, அவர் சொல்லச் சொல்ல நான் மென்மையான பென்சிலால் பின்பக்க ஓரத்தில் அழுத்தாமல் எழுதிக்கொண்டேன். பேனா மை முன்பக்கம் ஊறிவரும். உங்கள் மூத்தவர்கள் பேசுவதைத் தொலைபேசியில் ஒலிப்பதிவும் செய்துகொள்ளுங்கள். ஈழத்துத் தமிழ் ஆவணங்களை எண்ணிமப்படுத்தி எவரும் வாசிக்கும்படி இணையத்தில் வைக்கிற நூலக நிறுவனத்தின் பணி 2005 முதல் நடந்துவருகிறது. உங்களிடம் மலாயாக் கடிதங்களோ, புகையிரதத் திணைக்களத்தின் தாள்களோ இருந்தால் அவர்களோடு பேசிப்பாருங்கள். அடுத்த காணொளியில் 1945ஆம் ஆண்டுக் கடிதத்தை முழுமையாக வாசித்துக் காட்டுகிறேன். நன்றி உறவுகளே, வணக்கம்.