ஏட்டுச் சுரைக்காயும் ஒரு பீரோவும்

(தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகர், சாட்ஸ்வொர்த்தில் மாணவர் ஆய்வுத் திட்டக் கண்காட்சியைத் தொடங்கிவைத்துப் பேசியது. அன்று பாதித் தமிழும் பாதி ஆங்கிலமுமாகப் பேசினேன். இங்கே முழுக்கத் தமிழில் எழுதியிருக்கிறேன். கைதட்டல்களை நானே எடுத்துவிட்டேன்.)

பெருமதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, கோயில் அறங்காவலர்களே, வேலை நாளிலும் நேரம் ஒதுக்கி வந்திருக்கும் நகராட்சி உறுப்பினர் அவர்களே, பல்கலைக்கழகங்களிலிருந்து வந்திருக்கும் பேராசிரியப் பெருமக்களே, மாதர் சங்கத் தலைவி அக்கா அவர்களே, காலை ஐந்து மணியிலிருந்து பின்கட்டில் பிரியாணிக்கு வெங்காயம் நறுக்கிக்கொண்டிருக்கும் தாய்மார்களே, எல்லாவற்றுக்கும் மேலாக மாணவக் கண்மணிகளே, வணக்கம். ஒலிபெருக்கி வைத்திருக்கும் தம்பிக்குத் தனி வணக்கம். போன வருடம் அவரை விட்டுவிட்டேன், பேச்சின் நடுவில் மைக் போய்விட்டது. அவர் செய்ததாக நான் சொல்லவில்லை.

தலைவரைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் போனால் நன்றி கெட்டவனாவேன். இந்த மண்டபத்துக் கூரை ஒழுகியபோது ஏணியில் ஏறித் தகரம் மாற்றியவர் அவர். இன்று கோட்டு போட்டு உட்கார்ந்திருப்பதால் உங்களுக்குத் தெரியாது.

சரி. ஆய்வு செய்யும் மாணவர்களுக்கு மூன்று விஷயம் சொல்வேன் என்று அழைப்பிதழில் போட்டிருக்கிறார்கள். ஒன்று, தலைப்பை எப்படிப் பிடிப்பது. இரண்டு, வழிகாட்டிப் பேராசிரியரோடு சண்டை வராமல் எப்படி ஓட்டுவது. மூன்று, எழுதி முடித்த ஆய்வேட்டை என்ன செய்வது. இரண்டாவதைப் பற்றிப் பேச எனக்குத் தகுதி இல்லை. நான் சண்டை போட்டவன்.

என் அப்பா ஸ்பிரிங்ஃபீல்டில் தோட்டம் போட்டவர். கீரை, கத்தரி, பந்தலில் சுரைக்காய். விடியுமுன் எல்லாம் சந்தைக்குப் போய்விடும். நான் சால்ஸ்பரி தீவுக் கல்லூரிக்குப் படகேறிப் போய்ப் படித்த காலத்தில் ஒரு நாள் கட்டுரை எழுதிக்கொண்டிருந்தேன். அப்பா எட்டிப் பார்த்துவிட்டு, "ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாதுடா" என்றார். அவர் கையில் நிஜச் சுரைக்காய் இருந்தது. என்னால் பதில் சொல்ல முடியவில்லை.

சால்ஸ்பரி தீவு என்றால் இளையவர்களுக்கு விளங்காது. டர்பன் துறைமுகத்துக்குள் இருந்த தீவு. கடற்படையின் பழைய கட்டடங்களில் 1961இல் 'இந்தியர்களுக்கு மட்டும்' என்று ஒரு கல்லூரி வைத்தார்கள். நிறவெறி அரசு கொடுத்த பள்ளிக்கூடம். போகாமலும் இருக்க முடியாது, பெருமைப்படவும் முடியாது. அதுதான் பின்னால் வெஸ்ட்வில் மலைக்குப் போய், டர்பன்-வெஸ்ட்வில் பல்கலைக்கழகமாகி, 2004இல் நட்டால் பல்கலைக்கழகத்தோடு இணைந்து இன்றைய குவாசூலு-நட்டால் பல்கலைக்கழகம் ஆயிற்று. அங்கே ஒரு காலத்தில் தமிழில் பட்டப்படிப்பே படிக்கலாம். இன்று அந்தத் துறை இல்லை. அதைப் பேசினால் எனக்கு ரத்த அழுத்தம் ஏறும், மருந்து வீட்டில் இருக்கிறது.

இப்போது கண்காட்சிக்கு வருகிறேன். காலையில் எல்லா மேஜையையும் சுற்றிவந்தேன். புள்ளியியல் படிக்கும் பையன் ஒருவன் நம் 'துணி' என்கிற சீட்டாட்டத்தை ஆய்வுத் திட்டமாக எடுத்திருக்கிறான். 24 சீட்டு; ஜாக்குக்கு 30, ஒன்பதுக்கு 20, மொத்தம் 304 புள்ளி. முதல் நான்கு சீட்டைப் பார்த்துவிட்டு ஏலம் கேட்பதா வேண்டாமா என்பதற்கு நிகழ்தகவு போட்டிருக்கிறான். 'தண்ணி'தான் 'துணி' ஆயிற்று என்று எத்தனை பேருக்குத் தெரியும்? அவனுக்கும் தெரியவில்லை, நான்தான் சொன்னேன். நுண்கலை மாணவி ஒருத்தி, தன் அம்மா முப்பது வருடம் வேலை பார்த்த தையல் ஆலையின் வெட்டுத் துணிகளை வைத்து ஒரு சுவர் முழுக்கத் தைத்துத் தொங்கவிட்டிருக்கிறாள். இதற்கெல்லாமா பட்டம் என்று ஒரு பெரியவர் என் காதில் கேட்டார். ஆமாம், தருகிறார்கள். நுண்கலையில் படைப்பும் ஆய்வுதான். கண்காட்சி ஒரு பாதி, அதைப் பற்றிய எழுத்து மறு பாதி, இரண்டையும் சேர்த்துத்தான் தேர்வாளர்கள் பார்ப்பார்கள். அந்தத் துணிச் சுவரில் ஒரு மூலையில் ஊசி முறிந்து அப்படியே நிற்கிறது. வேண்டுமென்றே விட்டிருக்கிறாள். போய்ப் பாருங்கள், தொடாதீர்கள்.

கணினி மாணவன் ஒருவன் கப்பல் பட்டியல்களை எடுத்திருக்கிறான். 1860 நவம்பர் 16ஆம் தேதி சென்னையிலிருந்து 'ட்ரூரோ' கப்பலில் 342 பேர் வந்து இறங்கினார்கள். அதிலிருந்து 1911 வரை வந்த ஒப்பந்தக் கூலிகள் 1,52,184 பேர். ஒவ்வொருவருக்கும் எண், பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஊர், உடம்பில் உள்ள தழும்பு வரை எழுதிவைத்தார்கள். ஆனால் எழுதியவன் காதில் விழுந்ததுதான் எழுத்து. செல்லம்மா ஒரு பக்கம் செல்லுமா, இன்னொரு பக்கம் சில்லமாஹ். கவுண்டர் கோவெண்டர் ஆனதும் முதலி மூட்லி ஆனதும் இப்படித்தான். இந்தக் குளறுபடியில் ஒரே ஆளைக் கண்டுபிடிக்க இந்தப் பையன் ஒரு மென்பொருள் எழுதியிருக்கிறான். தப்பாகக் காதில் விழுந்தது எப்படி ஏட்டில் ஏறிவிடுகிறது என்பதை நினைவில் வையுங்கள். இதோ கதைக்கு வந்துவிட்டேன்.

என் பெரியம்மா. தெருவே அவரை ஆயா என்றுதான் கூப்பிடும். நட்டால் வடகரையில் கரும்புத் தோட்டத்தில் பிறந்து, டர்பன் நகராட்சியின் இந்தியத் தொழிலாளர் குடியிருப்பான மேகசின் பாரக்ஸுக்கு வாழ்க்கைப்பட்டு, அறுபதுகளில் பாரக்ஸை இடித்தபோது லாரியில் அடுப்புச் சட்டியோடு சாட்ஸ்வொர்த்துக்கு வந்தவர். படிக்கத் தெரியாது. பாட்டு மட்டும் நூற்றுக்கணக்கில் தெரியும். இங்கே 'சிக்ஸ் ஃபுட் டான்ஸ்' என்று சொல்கிறோமே, தெருக்கூத்து, அதில் திரௌபதி துகில் பகுதி முழுவதையும் உட்கார்ந்த இடத்திலேயே பாடுவார்.

ஒரு நாள் ஆனர்ஸ் படிக்கும் பெண் ஒருத்தி வந்தாள். நம் சமூகப் பெண்தான், தமிழ் கொஞ்சம் புரியும், பேச வராது. கரும்புக்காட்டுப் பாடல்கள் பற்றி ஆய்வுத் திட்டம். ஆயா முதலில் சோறு போட்டார். நெத்திலிக் குழம்பு. அந்தப் பெண் மரக்கறி என்றாள். "மரக்கறியா? ஒடம்புக்கு என்னம்மா?" என்று ஆயா பதறிப் போனார். அப்புறம் ரசம் வைத்து, அப்பளம் பொரித்து, ஒருவழியாகச் சாப்பாடு முடிய இரண்டு மணி.

அப்புறம் ஒப்புதல் படிவம் வந்தது. ஆய்வுக்குப் பேட்டி எடுத்தால் கையெழுத்து வாங்க வேண்டும், அது விதி, நல்ல விதி. ஆனால் தாளைக் கண்டதும் ஆயா கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். "பேப்பர்ல கைநாட்டு வச்சுத்தான் பாரக்ஸ் வூடு போச்சு. இந்த வூடும் போவணுமா?" அந்தப் பெண் ஆங்கிலத்தில் விளக்க, நான் தமிழில் விளக்க, பக்கத்து வீட்டுக்காரர் வேலிமேல் தலையை நீட்டி, "வைக்காதே ஆயா" என்று சொல்ல, அரை மணி நேரம் பஞ்சாயத்து. கடைசியில் ஆயா அந்தப் பெண்ணையே முதலில் கையெழுத்துப் போடச் சொன்னார். "நீ வையி, ஒன் வூடு போவலன்னா நா வைக்கிறேன்." அவள் போட்டாள். ஆயா ஜன்னல் வழியாகத் தெருவைப் பார்த்துக் கொஞ்ச நேரம் காத்திருந்தார். யாரும் வரவில்லை. பெருவிரலை நீட்டினார்.

பாட ஆரம்பித்ததும் மின்சாரம் போயிற்று. லோட் ஷெட்டிங். நல்லவேளை, பதிவு கைபேசியில். இருட்டில் ஆயா பாடிய பாட்டுகளில் ஒன்று:

"சிருதாரு வாறான்டி,
சீக்கிரமா வெட்டுங்கடி."

ஆய்வேடு முடிந்தது, டிஸ்டிங்க்ஷன் வாங்கிற்று என்று கேள்விப்பட்டோம். பிரதி வரவில்லை. ஆயா சில நாள் கேட்டார். "என் பாட்டு என்னாச்சு?" வரும் வரும் என்றேன். நானும் போய்க் கேட்கவில்லை, அந்தக் குற்றம் என்னுடையது. ஆயா போய்ச் சேர்ந்துவிட்டார். ஆறு வருடம் கழித்து என் தம்பி மகன் பல்கலைக்கழகத்தின் இணையக் களஞ்சியத்தில் தேடி எடுத்து அச்சடித்துக் கொண்டுவந்தான். கண்ணாடியைத் துடைத்துவிட்டு உட்கார்ந்தேன். பாட்டு இருந்தது. ஆனால் 'சிருதாரு' இல்லை. 'ஸ்ரீதரு' இருந்தான்.

கேளுங்கள், இது போதாது. கீழே இரண்டரைப் பக்கம் விளக்கம். ஸ்ரீதரன் என்பது திருமாலின் பெயர். கரும்புக்காட்டின் துயரத்தில் இறைவன் வந்து தோன்றுகிறான். 'சீக்கிரமா வெட்டுங்கடி' என்றால் உலகப் பற்றை அறுத்துவிடுங்கள் என்று பொருள். ஆண்டாள்வரை போயிருக்கிறாள் அந்தப் பெண்!

சிர்தார் யார்? பின்வரிசைத் தாத்தாக்கள் சிரிப்பதைப் பார்க்கிறேன், உங்களுக்குத் தெரியும். கூலிகளை மேய்க்கிற மேஸ்திரி. கையில் பிரம்பு. அவன் வருகிறான், அடி விழுமுன் கரும்பை வெட்டுங்கள் என்று ஒருத்தி இன்னொருத்திக்குக் கொடுத்த எச்சரிக்கை அது. பிரம்போடு வந்தவனைப் பெருமாள் ஆக்கிவிட்டோம்.

அந்தப் பெண்ணைப் பார்த்துச் சிரிக்காதீர்கள். அவளுக்கு அந்தச் சொல்லை யாரும் சொல்லித்தரவில்லை. வழிகாட்டிக்குத் தமிழ் தெரியாது, தேர்வாளருக்குத் தெரியாது. தெரிந்த ஒரே தேர்வாளர் சாட்ஸ்வொர்த்தில் சமையலறையில் உட்கார்ந்திருந்தார். அவரிடம் ஒரு பிரதியைக் கொண்டுவந்து வாசித்துக் காட்டியிருந்தால் இரண்டு நிமிடம். "யாருடி ஸ்ரீதரு?" என்றிருப்பார், முடிந்தது. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாதுதான் அப்பா. ஆனால் ஏட்டைச் சமையலறைக்குக் கொண்டுவந்தால் உதவும். இத்தனை வருடம் கழித்து அவருக்கு நான் சொல்லும் பதில் இது.

பாட்டுக்கு மட்டும் இல்லை. 2022 ஏப்ரல் வெள்ளத்தை இங்கே யாரும் மறக்கவில்லை. 400 பேருக்கு மேல் செத்தார்கள். சில இடங்களில் ஒரே நாளில் 300 மில்லிமீட்டருக்கு மேல் மழை. கட்டடப் பொறியியல் மாணவி ஒருத்தி ஆற்றங்கரை வெள்ள வரைபடம் வைத்திருக்கிறாள், அருமையான வேலை. அதில் 1905 இல்லை. உம்பிலோ ஆற்றங்கரைக் கோயிலை அடித்துக்கொண்டு போனது அந்த வெள்ளம். கோயில்காரர்கள் வீட்டில் அது இன்னும் கதையாக இருக்கிறது. இன்று அறங்காவலர் ஒருவர் அவள் மேஜை முன்னால் நின்று விரலால் காட்டிக்கொண்டிருந்தார், அவள் பென்சில் எடுத்தாள். இந்தக் காட்சிக்காகத்தான் இந்தக் கண்காட்சி.

ஆகவே தலைவர் அவர்களே, நகராட்சி உறுப்பினர் அவர்களே, என் பழைய விண்ணப்பத்துக்கு வருகிறேன். நான்கு பொதுக்குழுவில் பேசிவிட்டேன். ஒரு பீரோ வேண்டும். இரும்பு பீரோ, ஐந்து தட்டு, பூட்டு உள்ளது. இந்த மண்டபத்தில் மேடைக்கு இடப்பக்கம் நாற்காலி அடுக்கிவைக்கிற மூலை இருக்கிறதே, அங்கே. நம் தெருக்களில் பேட்டி எடுத்து, நம் ரத்தச் சர்க்கரையை அளந்து, நம் கோயில் வாசலை வரைந்து எழுதிய ஒவ்வொரு ஆய்வேட்டுக்கும் ஒரு பிரதி அதில் வர வேண்டும். அதன் முன்னால் ஒரே ஒரு பக்கம் தமிழில் சுருக்கம். மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்தச் சுருக்கத்தைப் பெரியவர்கள் நடுவில் உரக்க வாசிக்க வேண்டும். அவ்வளவுதான்.

தமிழில் எழுத முடியாது என்று சொல்லாதீர்கள். 2017இல் ரோட்ஸ் பல்கலைக்கழகத்தில் ஒருவர் முனைவர் பட்ட ஆய்வேடு முழுவதையும் இந்நாட்டு மொழியான இசிகோசாவில் எழுதிப் பட்டம் வாங்கினார். நமக்கு ஒரு பக்கம் கூடவா வராது? நம் நாட்டு அரசியல் சட்டத்தின் ஆறாவது பிரிவில் மதித்து வளர்க்க வேண்டிய மொழிகள் வரிசையில் தமிழின் பெயர் அச்சிட்டே இருக்கிறது. தெலுங்கு, இந்தி, குஜராத்தி, உருது எல்லாம் இருக்கிறது. அதுவும் ஏட்டுச் சுரைக்காய்தான், நாம் பறித்துக் குழம்பு வைக்கிறவரை. தெரியாதவர்களுக்கு நான் எழுதித் தருகிறேன். ஒரு பக்கத்துக்கு ஒரு டீ, வேறு கூலி வேண்டாம்.

தலைப்பு எப்படிப் பிடிப்பது என்று முதல் விஷயம் ஒன்று சொன்னேன். நேரம் போய்விட்டது, தலைவர் கைக்கடிகாரத்தைப் பார்க்கிறார். சாப்பிடும்போது வந்து கேளுங்கள்.

அந்தப் பெண்ணைப் பற்றிக் கடைசியாக. போன மாதம் அவளைத் தேடிப்பிடித்துப் போனில் பேசினேன். ஸ்ரீதர் சங்கதியைச் சொன்னதும் முதலில் பேச்சே இல்லை. பிறகு சிரித்தாள், பிறகு அழுதாள். இன்று இந்தக் கதையைச் சொல்ல அனுமதியும் கொடுத்தாள். ஆயாவின் பதிவு முழுவதையும் அனுப்பியிருக்கிறாள், 41 நிமிடம். தன்னுடைய பிரதியையும் தபாலில் அனுப்பிவிட்டாள். இதோ, நீல அட்டை. 63ஆம் பக்கத்தில் 'ஸ்ரீதரு' என்பதை அடித்துவிட்டு, பக்கத்தில் பென்சிலால் தமிழ் எழுத்திலேயே 'சிருதாரு' என்று எழுதியிருக்கிறாள். 'று' போட்டுவிட்டு, அழித்து, 'ரு' ஆக்கிய தடம் தெரிகிறது. பீரோ வருகிறவரை இது என் வீட்டுச் சாமி அலமாரியில் இருக்கும். யாருக்காவது பார்க்க வேண்டுமானால் மாலை ஐந்துக்கு மேல் வாருங்கள், நாயைக் கட்டிவைக்கிறேன்.